நியூயார்க்கில் செல்லாது, டெக்சாஸில் செல்லும்: ஆன்லைன் சம்பளக் கடன் பற்றிக் கேள்வி-பதில்

கேள்வி: நியூயார்க் குவீன்ஸில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்க்கிறேன். கார் ரிப்பேருக்காக ஆன்லைனில் 500 டாலர் பேடே லோன், அதாவது அடுத்த சம்பளத்தில் திருப்பித் தருவதாக வாங்கும் சின்னக் கடன், வாங்கினேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என் வங்கிக் கணக்கிலிருந்து அவர்களே 150 டாலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஐந்து முறை எடுத்தாயிற்று. இன்னமும் 500 பாக்கி என்கிறார்கள். கட்டாவிட்டால் போலீஸ் வரும், கிரீன் கார்டு போய்விடும் என்று போனில் மிரட்டல் வேறு. கம்பெனி பழங்குடியினர் நிலத்தில் இருக்கிறதாம், நியூயார்க் சட்டம் தங்களைத் தொடாதாம். நான் என்ன செய்வது?

பதில்: முதலில் கணக்கைப் பாருங்கள். 500 வாங்கி 750 கட்டிவிட்டீர்கள், அசலில் ஒரு டாலர்கூடக் குறையவில்லை. ஆண்டு வட்டியாகப் போட்டால் 780 சதவீதம். நியூயார்க்கில் லைசென்ஸ் இல்லாதவர் தனிநபருக்குக் கொடுக்கும் கடனுக்கு 16 சதவீதம்தான் உச்சம். 25-ஐத் தாண்டினால் அது குற்றம். வரம்பை மீறிய கடன் அந்த மாநிலச் சட்டப்படி செல்லாது, வட்டி மட்டுமல்ல, அசலும் சேர்த்து.

கம்பெனி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைவிட, பட்டனை அழுத்தியபோது நீங்கள் எந்த மாநிலத்தில் குடியிருந்தீர்கள் என்பதுதான் பெரும்பாலும் முக்கியம். அமெரிக்கப் பழங்குடியினருக்குத் தனி அரசுகள் உண்டு, அதனால் மாநிலச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்கிற இந்த வாதம் புதிதல்ல. 2013-இல் நியூயார்க் நிதிச் சேவைத் துறை 35 ஆன்லைன் கம்பெனிகளுக்கு ‘நிறுத்து’ என்று கடிதம் அனுப்பியது. இரண்டு பழங்குடி அரசுகள் அதற்குத் தடை கேட்டு நீதிமன்றம் போயின. 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தடை தர மறுத்துவிட்டது. பழங்குடியினர் பெயரைக் கூரையாகப் போட்டுக்கொண்டு தொழில் நடத்திய கான்சாஸ்காரர் ஸ்காட் டக்கர், கார் ரேஸ் ஓட்டுபவரும்கூட, 2018-இல் 16 ஆண்டுக்கு மேல் சிறைத் தண்டனை வாங்கினார். அவருடைய கம்பெனிகள் செய்ததும் உங்களுக்கு நடப்பதும் ஒன்றுதான். 300 டாலர் கடனுக்கு மொத்தம் 390 கட்டினால் போதும் என்று தாளில் போட்டிருக்கும். கடனைத் தானாகவே புதுப்பித்துப் புதுப்பித்து 975 வரை கறந்துவிடுவார்கள். உங்கள் ஒப்பந்தத்தையும் திறந்து பாருங்கள். முழுத் தொகையையும் கட்ட விரும்பினால் இத்தனை நாள் முன்பே தெரிவிக்க வேண்டும், இல்லையென்றால் கட்டணம் மட்டும் பிடித்துக்கொண்டு கடன் நீட்டிக்கப்படும் என்று பொடி எழுத்தில் எங்கேயாவது இருக்கும்.

சரி, சட்டம் உங்கள் பக்கம். ஆனால் அதை வைத்துக்கொண்டு அவர்களோடு போனில் வாதாடுவது வீண் வேலை. முதல் வேலை வங்கியில். அடுத்த பிடித்தத்துக்கு மூன்று வேலை நாளாவது முன்னதாக ‘ஸ்டாப் பேமென்ட்’, அதாவது ‘இந்தப் பணத்தைக் கொடுக்காதே’ என்ற உத்தரவு, கொடுங்கள். வாயால் சொன்னாலே போதும். எழுத்தில் உறுதிப்படுத்தச் சொன்னால் 14 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். கவுன்டரில் இருப்பவர், “அந்தக் கம்பெனியோடு பேசிக்கொள்ளுங்கள்” என்று தட்டிக்கழிக்கப் பார்க்கலாம். விடாதீர்கள், இது மத்தியச் சட்டம் தந்த உரிமை. கூடவே கம்பெனிக்கும் இரண்டு வரி எழுதுங்கள்: “என் கணக்கிலிருந்து பணம் எடுக்கக் கொடுத்திருந்த அனுமதியை இன்றோடு ரத்து செய்கிறேன்.” அதன் நகலை வங்கிக்கும் கொடுங்கள். அதற்குப் பிறகும் எடுத்தால், அந்த ஸ்டேட்மென்ட் வந்து 60 நாளுக்குள், அனுமதி இல்லாமல் எடுத்தது என்று வங்கியில் புகார் கொடுக்க வேண்டும்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. 150-ஐ நிறுத்தினால் 75-ஆக இரண்டு தடவை கேட்பார்கள், அல்லது வேறு பெயரில் கேட்பார்கள். அதனால் வேறொரு வங்கியில் புதுக் கணக்கு தொடங்கிச் சம்பளத்தை அங்கே மாற்றிவிடுவது நல்லது. நான் பார்த்தவரை நிம்மதி தருவது இதுதான்.

மிரட்டலுக்கு வருகிறேன். கடனைக் கட்டாதது குற்றமல்ல. அதற்காகப் போலீஸ் வராது. கிரீன் கார்டைப் பறிக்க எந்த வசூல்காரருக்கும் அதிகாரம் இல்லை. கைது செய்ய வைப்போம் என்று வசூல் ஏஜென்சி மிரட்டுவதே சட்டவிரோதம். கோர்ட் உத்தரவு இல்லாமல் இவர்களால் உங்கள் சம்பளத்திலும் கை வைக்க முடியாது. ஒன்றே ஒன்று: நிஜமாகவே கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால் மூலையில் போட்டுவிடாமல், உடனே இலவசச் சட்ட உதவியைத் தேடுங்கள்.

அழைப்பவர் உங்களுக்குக் கடன் கொடுத்தவர்தானா என்பதும் சந்தேகம். ஆன்லைன் விண்ணப்பங்களில் நிரப்பும் விவரங்கள் கைமாறி விற்பனைக்குப் போகின்றன. வாங்காத கடனைக் கட்டச் சொல்லி இந்தியாவிலிருந்து அழைத்து அமெரிக்கர்களை மிரட்டிய ஒரு கூட்டத்தை 2012-இல் மத்திய வர்த்தக ஆணையம் கோர்ட் மூலம் தடுத்தது. நம்ம ஊர்க் குரலாக இருக்கிறதே என்று இளகிவிடாதீர்கள். கடன் விவரத்தை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.

நியூயார்க் நிதிச் சேவைத் துறையிலும் புகார் செய்யுங்கள். கட்டிய 750 திரும்ப வருமா என்றால், எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. பழங்குடி அரசுகள்மேல் தனிநபர் வழக்குப் போடுவது லேசில்லை. இனிமேல் போவதை நிறுத்தலாம், அது உங்கள் கையில். அப்புறம், நியூயார்க் நகர உதவி எண்ணான 311-ஐ அழைத்தால் நகராட்சியின் இலவசப் பண ஆலோசகரைப் பார்க்க நேரம் வாங்கித் தருவார்கள். மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம்.

கேள்வி: டாலஸில் இருக்கிறேன். இங்கே தெருவுக்குத் தெரு பேடே லோன் கடைகள். நியூயார்க்கில் செல்லாதது இங்கே எப்படிச் செல்லும்? அடுத்த மாதம் நியூ ஜெர்சிக்குக் குடிபோகிறோம். அங்கே போனால் என் கடனும் செல்லாமல் போகுமா?

பதில்: போகாது. டெக்சாஸில் இருந்துகொண்டு டெக்சாஸ் லைசென்ஸ் உள்ள கடையில் வாங்கிய கடன், நீங்கள் வீடு மாறினாலும் டெக்சாஸ் கடன்தான்.

டெக்சாஸில் நடப்பது ஒரு தந்திரம். கடன் கொடுப்பவர் 10 சதவீதத்துக்குள்தான் வட்டி வாங்குகிறார். கடையோ, ‘கடன் ஏற்பாடு செய்து கொடுத்தேன்’ என்று தனியாகக் கட்டணம் வாங்குகிறது. அந்தக் கட்டணத்துக்கு மாநிலம் உச்சவரம்பே வைக்கவில்லை. ஓட்டை இருப்பது சட்டத்தில், அதைச் சரிசெய்ய வேண்டியது ஆஸ்டினில் இருக்கும் சட்டமன்றம். பொறுமை இழந்த டாலஸ் 2011-இல் நகரச் சட்டம் போட்டது. அதன்படி கடன் உங்கள் மாதச் சம்பளத்தில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; மூன்று முறைக்கு மேல் புதுப்பிக்கக் கூடாது; ஒவ்வொரு முறையும் அசலில் கால் பங்கு குறைய வேண்டும். உங்கள் ரசீதுகளை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நகர எல்லைக்கு வெளியே உள்ள கடை என்றால் இது பொருந்தாமல் போகலாம். லைசென்ஸ் இருக்கிறதா என்பதை மாநில நுகர்வோர் கடன் ஆணையர் அலுவலகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம்.

கேள்வி: கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட்டில் ஒரு பேடே லோன் கடையில் 300 டாலருக்குச் செக் எழுதி வாங்கிக்கொண்டு 255 மட்டும் கொடுத்தார்கள். ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை, அங்கே அதுதான் சட்டம். செக் தொகை 300-ஐத் தாண்டக் கூடாது, கட்டணம் அதில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 45 டாலர் சரியாகப் போயிருக்கிறது. இரண்டு வாரக் கடன் என்றால் ஆண்டுக் கணக்கில் 460 சதவீதம், அது வேறு கதை. பழைய கடனைத் தீர்க்காமல் அதே கடை புதிதாக ஒன்று கொடுக்கக் கூடாது. செக் திரும்பினால் 15 டாலருக்கு மேல் அபராதம் வாங்கக் கூடாது. இதை முடித்துவிட்டு, பக்கத்தில் உள்ள கிரெடிட் யூனியனில் (உறுப்பினர்களுக்கே சொந்தமான கூட்டுறவு வங்கி மாதிரி) சேருங்கள். மத்திய கிரெடிட் யூனியன்கள் பல இதற்கு மாற்றாகவே சிறு கடன் தருகின்றன. வட்டி 28 சதவீதத்துக்கு மேல் போகாது, விண்ணப்பக் கட்டணம் 20 டாலருக்குள், மாதக் கணக்கில் தவணையும் கிடைக்கும்.