பேர்கன் கோடையில் கடலுணவு: ரேக்கர், மக்ரெல், நண்டு

தங்கச்சி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே ஐயம் புதிதாக வந்த வேறு பலருக்கும் இருக்கும். வசந்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வேயின் பேர்கன் நகருக்கு வந்து கணவருடன் சேர்ந்திருக்கிறீர்கள். அவருடைய வேலைத்தலத்து நண்பர்கள் யூன் மாதத்தில் ஒரு மாலை ரேக்கர் சாப்பிட வரும்படி அழைத்திருக்கிறார்கள். அது எப்படிப்பட்ட சாப்பாடு, அங்கே எப்படிச் சாப்பிடுவது, கோடையில் இந்த நாட்டுக் கடலுணவில் எவை நமது வாய்க்கு ஒத்துவரும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதுவரை சல்மனையும் தமிழ்க் கடையின் உறைந்த பாரை மீனையும் தவிர வேறொன்றும் வாங்கிப் பார்க்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யூனிலிருந்து செப்ரெம்பர் வரை உறைந்த பாரையை மறந்துவிடுங்கள். அது பனிக்காலத்துக்கு இருக்கட்டும். சல்மன் பண்ணை மீன், ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி கிடைக்கும், ஆகவே அதற்கும் கோடைக்கும் தொடர்பில்லை. கோடையில் இங்கே கொண்டாட வேண்டியவை மூன்று: ரேக்கர் என்னும் இறால், மக்ரெல் மீன், கோடை முடியும் நேரத்து நண்டு. இவற்றுள் ரேக்கரை அவர்கள் முறைப்படியே சாப்பிட வேண்டும். மக்ரெலை நமது முறைக்குத் தயங்காமல் இழுத்துக்கொள்ளலாம்.

ரேக்கர் என்பது ஆழ்கடலின் குளிர்ந்த நீரில் வளரும் சிறிய இறால். நமது கடல்நீரேரி இறாலைப் போல அது பச்சையாக விற்பனைக்கு வருவதில்லை. பிடித்த படகிலேயே கடல் நீரில் அவித்துவிடுகிறார்கள், ஆகவே நீங்கள் வாங்கும்போதே அது இளஞ்சிவப்பாக, உப்பு ஏறி, முழுமையாக வெந்ததாக இருக்கும். புதிதாக வந்த நம்மவர்கள் இதை அறியாமல் வீட்டுக்குக் கொண்டுபோய் வழக்கம்போல மிளகாய்த்தூளும் உப்பும் போட்டுக் குழம்பில் கொதிக்கவிடுகிறார்கள். இரண்டாம் முறை வெந்த ரேக்கர் சுருங்கி றப்பராகிவிடுவதோடு, ஏற்கெனவே இருக்கும் உப்பின்மேல் உப்புச் சேர்ந்து குழம்பும் கெட்டுவிடுகிறது. இறால் குழம்புக்கு ஆசையாக இருந்தால் கடைகளில் உறையவைத்து விற்கும் பச்சை இறாலை வாங்குங்கள். அது வெப்பநாடுகளிலிருந்து வருவது, அந்த வேலைக்குப் பொருத்தமானது.

அழைத்திருக்கும் வீட்டில் என்ன நடக்கும் என்றால், மேசையின் நடுவில் ஒரு பெரிய கிண்ணம் நிறைய ஓட்டோடு கூடிய ரேக்கர், பக்கத்தில் வெள்ளைப் பாண் துண்டுகள், வெண்ணெய், மயோனைஸ், வெட்டிய எலுமிச்சை, டில் இலை, உரித்த ஓடுகளைப் போட ஒரு வெற்றுக் கிண்ணம் ஆகியவை இருக்கும். அவ்வளவுதான். சமைத்த கறி எதுவும் வராது, அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ஓட்டோடு ஒருவருக்கு அரைக் கிலோ என்று கணக்கிட்டு வாங்குவது வழக்கம், ஆனால் உரித்தபின் மிஞ்சுவது அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். ஒவ்வொருவரும் தமக்குத் தாமே உரித்துக்கொள்வார்கள். தலையை ஒரு கையாலும் உடலை மறு கையாலும் பிடித்து மெல்லத் திருகினால் தலை கழன்றுவிடும். பிறகு கால்கள் இருக்கும் வயிற்றுப் பக்கத்தில் பெருவிரலை நுழைத்து ஓட்டை இரு புறமும் விரித்து, வாலை நசுக்கினாற்போல் அழுத்தி இழுத்தால் சதை முழுதாக வந்துவிடும். சிலவற்றின் வயிற்றில் நீலமும் பச்சையும் கலந்த முட்டைத் திரள் ஒட்டியிருக்கும். அது கெட்டுப்போனதன் அடையாளம் அன்று, விரும்பிச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. உரிக்க உரிக்க வாயில் போடுவதா, பொறுமையாகச் சேர்த்துப் பாணின்மேல் மலைபோல் குவித்தபின் ஒரேயடியாகச் சாப்பிடுவதா என்பதில் நோர்வேஜியர்களே இரு கட்சியாக இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து வீடுகளில் இறால் உரித்துப் பழகிய கை உங்களுடையது என்றால் மேசையில் முதலில் குவித்து முடிப்பது நீங்களாகத்தான் இருக்கும்.

முதல் தடவை உறைப்பு இல்லாமலே சாப்பிட்டுப் பாருங்கள். குளிர்ந்த நீரில் மெதுவாக வளர்ந்த இந்த இறாலில் ஓர் இனிப்பு இருக்கிறது. மிளகாய் அதை மூடிவிடும். கையோடு எதையாவது கொண்டுபோக விரும்பினால் பச்சை மிளகாயும் வெங்காயமும் பொடியாக அரிந்து எலுமிச்சைச் சாறு பிழிந்த ஒரு சிறு சம்பல் போதும். கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம். வீட்டில் நீங்களே வாங்கிச் சாப்பிடும் நாட்களில் ஓடுகளையும் தலைகளையும் எறிந்துவிட வேண்டாம். சிறிது எண்ணெயில் வெங்காயத்தோடு வதக்கித் தண்ணீர் விட்டு அரை மணி நேரத்துக்குக் குறைவாகக் கொதிக்கவைத்து வடித்தெடுத்தால், சொதிக்கும் கூழுக்கும் வேறெதுவும் கொடுக்க முடியாத ஓர் அடிச்சுவை கிடைக்கும். அதற்குப் பிறகு உப்பை நாக்கில் பார்த்துத்தான் போட வேண்டும்.

வாங்கும்போது புதியதா, உறைந்து இளகியதா என்று கேளுங்கள். இரண்டையும் பனிக்கட்டியின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விற்பார்கள், சுவையில் வேறுபாடு பெரியது. துறைமுகத்தருகே உள்ள மீன் சந்தை ஒரு தடவை பார்க்க வேண்டிய இடந்தான். ஆனால் சுற்றுலாக் கப்பல்கள் வந்து நிற்கும் மாதங்களில் அன்றாடச் சமையலுக்கு அங்கே போக வேண்டியதில்லை. உங்கள் பகுதியிலுள்ள பெரிய கடையின் மீன் பிரிவே போதும்.

இனி மக்ரெல். எனக்கு நோர்வேயின் கோடை என்றால் இந்த மீன்தான். ஊரில் கும்பளா என்று நாம் வாங்குவதன் நெருங்கிய உறவு, தமிழ்நாட்டார் கானாங்கெளுத்தி, அயிலை என்று சொல்வதற்கும் சொந்தம். முதுகில் கருநீல வரிகளோடு மின்னிக்கொண்டு கோடையில் கரையோரமாகக் கூட்டங்கூட்டமாக வந்து சேரும். தென்கரையில் சற்று முன்பும் நமது மேற்குக் கரையில் யூன், யூலை மாதங்களிலும் வருகிறது. அப்போதுதான் முட்டையிட்டு முடித்திருப்பதால் கோடைத் தொடக்கத்து மக்ரெலில் கொழுப்புக் குறைவு. பிறகு தின்று கொழுத்து, ஓகஸ்ட் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும் எண்ணெய் வடியும் மீனாகிவிடும். இந்த வேறுபாட்டைத் தெரிந்துவைத்திருந்தால் எந்த மாதத்தில் எப்படிச் சமைப்பது என்பது தானாகவே விளங்கிவிடும்.

நோர்வேஜியர்கள் கோடை மக்ரெலை மாவில் புரட்டி வெண்ணெயில் பொரித்து, அவித்த புது உருளைக்கிழங்கு, வினாகிரியும் சீனியும் சேர்த்த மெல்லிய வெள்ளரிக்காய்ச் சீவல், ரொம்மெ எனப்படும் கெட்டியான புளித்த பாலாடை ஆகியவற்றோடு சாப்பிடுகிறார்கள். சாப்பாட்டுக்குப் பின் ரபார்பரா என்னும் செடியின் புளிப்பான தண்டில் காய்ச்சிய இனிப்பு ரசம் ஒன்று பழைய வழக்கத்தின்படி வரும். கேட்க விசித்திரமாக இருந்தாலும் அந்தப் புளிப்பு, மீனின் எண்ணெய்ப் பிடிப்பை நாக்கிலிருந்து கழுவிவிடுகிறது. நாம் மீன் குழம்பில் பழப்புளி விடுவதும் ஏறக்குறைய அதே காரணத்துக்காகத்தான். ஆகவே மக்ரெலுக்குத் தேங்காய்ப்பால் சொதி வைக்காதீர்கள், அது பொருந்தாது. வெந்தயமும் நிறைய உள்ளியும் தாளித்து, யாழ்ப்பாணத்துக் கறித்தூளைத் தாராளமாகப் போட்டு, பழப்புளி கெட்டியாகக் கரைத்துவிட்டு, பாலைக் கடைசியில் பெயருக்கு ஒரு கரண்டி சேருங்கள், அல்லது சேர்க்காமலே விடுங்கள். மறுநாள் காலை பிட்டோடு அந்தக் குழம்பைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, உறைந்த பாரைக்குக் கொடுத்த விலையை நினைத்துப் பாருங்கள். கொழுத்த ஓகஸ்ட் மக்ரெல் குழம்பைவிட நெருப்புக்கே உரியது. முழு மீனின் இரு பக்கமும் கத்தியால் மூன்று கீறல் இட்டு, மஞ்சள், மிளகாய்த்தூள், மிளகு, உப்பு, எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைக் குழைத்துப் பூசி, தணலில் வாட்டினால் போதும். எண்ணெய் பூச வேண்டிய தேவையே இராது. இந்த வேலையை அடுக்குமாடி வீட்டின் குசினியில் செய்யாதீர்கள், மக்ரெல் மணம் திரைச்சீலையில் ஏறினால் நாட்கணக்கில் இறங்காது. கடற்கரைப் பாறைகளில் செய்யலாம், ஆனால் ஏப்ரல் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை காட்டிலும் காட்டுக்கு அருகிலும் நெருப்பு மூட்டுவதற்குப் பொதுவான தடை இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். தண்ணீரோரத்து வெற்றுப் பாறையில்கூட வறட்சியான வாரங்களில் மாநகர சபை முழுத் தடை விதித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும்.

இந்த மீனை நீங்களே பிடிக்கவும் முடியும், அதுவும் செலவில்லாமல். கடலில் தூண்டில் போட இந்த நாட்டில் அனுமதிச் சீட்டுத் தேவையில்லை. ஆற்றுச் சல்மனுக்குத்தான் கட்டணமும் அனுமதியும் வேண்டும். யூலை மாலைகளில் துறைகளில் சிறுவர்கள் ஒரே கயிற்றில் பல தூண்டில்முட்கள் கட்டி வீசுவதைப் பார்ப்பீர்கள். மக்ரெல் கூட்டம் வந்துவிட்டால் ஒரு வீச்சில் மூன்று நான்கு ஏறும். இங்கேதான் ஒரு கண்டிப்பான சொல் சொல்ல வேண்டியிருக்கிறது. பிடித்த உடனே கழுத்தை முறித்து இரத்தம் வடியவிட்டு, குடலை எடுத்து, பனிக்கட்டியில் வையுங்கள். இந்த இன மீன்கள் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்ரமின் என்னும் நச்சுப் பொருள் உண்டாகிறது. எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தோல் அரித்து, தலையிடிக்கும். நீலநிறப் பிளாஸ்ரிக் பையில் போட்டுக் காருக்குப் பின்னால் வைத்துவிட்டு ஊர் சுற்றுவது நம்மவர்களிடம் உள்ள கெட்ட பழக்கம். அளவுக்குக் குறைந்த மீன்களைத் திருப்பி விட வேண்டும் என்ற சட்டமும் உண்டு. எந்த மீனுக்கு எத்தனை சென்ரிமீற்றர், எங்கே எது தடை என்பதை மீன்பிடித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒஸ்லோவில் உள்ள உறவினரிடம் போகும்போது பேர்கன் நினைப்பில் தூண்டில் வீச வேண்டாம். ஒஸ்லோ பியோர்ட் என்னும் கடற்கழியில் கொட் மீன் பிடிப்பது 2019 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது.

தேங்காய்ப்பால் சொதிதான் வேண்டும் என்றால் சேய் என்னும் மீனை வாங்குங்கள். அதன் குஞ்சுப் பருவத்தைப் பேர்கனில் பாலெ என்பார்கள், இந்த ஊரின் புகழ்பெற்ற மீன் சூப்பில் போடுவதும் அதைத்தான். பச்சையாக இருக்கும்போது சாம்பல் நிறமாகத் தெரியும், வெந்தால் வெளுத்துவிடும். விலை மலிவு. இதழ் இதழாகப் பிரியும் சதை என்பதால் சொதி கொதித்தபின் கடைசியாகப் போட்டு, கரண்டியால் கிளறாமல் சட்டியைச் சுழற்றிவிட்டு இறக்க வேண்டும். மீனைப் பற்றி ஐயம் வந்தால் எண்பதுகளில் இந்த நாட்டுக்கு வந்த நமது மூத்தவர்களைக் கேளுங்கள். அவர்களுள் பலர் வடக்கே பின்மார்க்கில், வர்டோ, வட்சோ, போட்ஸ்பியோர்ட் போன்ற ஊர்களின் மீன் தொழிற்சாலைகளில் ஆண்டுக்கணக்காக மீன் வெட்டியவர்கள். செவுளைத் திறந்து பார்த்தே மீன் எப்போது பிடிபட்டது என்று சொல்லிவிடுவார்கள்.

பாறைகளில் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும் கருநீல மட்டியைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். கோடையில் சில நுண்பாசிகளைத் தின்று அதன் உடலில் நச்சுச் சேர்ந்திருக்கக்கூடும். அதையும் கொதிக்கவைத்து அழிக்க முடியாது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் எந்தக் கரையில் மட்டி பாதுகாப்பானது என்று தொடர்ந்து அறிவிக்கிறது, அதைப் பார்க்காமல் பொறுக்கக் கூடாது. கடையில் வலைப்பையில் விற்பது சோதிக்கப்பட்டது, அதை வாங்கலாம். ஆங்கிலத்தில் லொப்ஸ்ரர் எனப்படும் ஹும்மரைக் கோடையில் தேட வேண்டாம். இலையுதிர் காலத்தில்தான் அதைப் பிடிக்கலாம், கோடையில் நண்டுக் கூட்டில் அகப்பட்டால் உயிரோடு விட்டுவிட வேண்டும்.

நண்டுக்கு ஓகஸ்ட் கடைசி வரை பொறுத்திருங்கள். பழுப்பு நிறத்தில் கனத்த ஓடும் கரிய நுனிக் கொடுக்கும் கொண்ட இந்த நண்டு, கோடையின் முற்பகுதியில் உள்ளே நீராக இருக்கும், பிற்பகுதியில்தான் சதை நிறையும். ஒரே அளவில் இரண்டைக் கையில் எடுத்துக் கனமானதைத் தெரிவுசெய்யுங்கள். நோர்வேஜியர்கள் உப்பு நீரில் அவித்து ஆறவிட்டு, ஓட்டுக்குள் இருக்கும் பழுப்புச் சதையைப் பாணில் பூசிச் சாப்பிடுவார்கள். அந்தப் பழுப்புப் பகுதியில் கட்மியம் என்னும் நச்சு உலோகம் சேர்வதால் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அதைத் தவிர்க்க வேண்டும் என்பது அதிகாரபூர்வ அறிவுரை. கொடுக்கிலும் காலிலும் உள்ள வெள்ளைச் சதைக்கு அந்தத் தடை இல்லை. நமது ஊர் நண்டைவிட ஓடு மிகத் தடிப்பு, பல்லால் கடிக்க முயலாமல் கொடுக்கைச் சுத்தியலால் தட்டி உடைத்துவிட்டே கறிக்குப் போடுங்கள். அப்போதுதான் தூளும் உள்ளே இறங்கும்.

கூழுக்கும் இதுவே பருவம். நண்டு, சேய் மீன் துண்டுகள், முன்பு சொன்ன ரேக்கர் ஓட்டுச் சாறு ஆகியவை இங்கேயே கிடைக்கின்றன. மரவள்ளியும் பயற்றங்காயும் தமிழ்க் கடையில் உறைந்ததாகக் கிடைக்கும். பலாக்கொட்டை இல்லாவிட்டாலும் குறையொன்றுமில்லை. உரித்த ரேக்கர் சதையை மட்டும் அடுப்பை அணைத்த பிறகு போடுங்கள். ஒடியல் மாவை ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி எடுப்பியுங்கள், சமைப்பதற்குச் சில மணி நேரம் முன்பே ஊறவைத்து மேல்நீரை வடித்துவிட்டால் அதன் கசப்புக் குறைந்துவிடும்.