வேகாத பருப்பும் வழுக்கை மலையும்: நீலகிரி கேள்வி-பதில்

சீசன் முடிந்து ஊர் திரும்பியவர்களும், அடுத்த சீசனுக்கு இப்போதே மூட்டை கட்டுபவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இம்முறை எடுத்துக்கொண்டேன். மலிவான லாட்ஜ் எது, நல்ல வர்க்கி எங்கே கிடைக்கும் என்று கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். முதலாவது எனக்குத் தெரியாது. இரண்டாவதைச் சொன்னால் குன்னூரில் நான் நடமாட முடியாது.

ஊட்டியில் வீடு எடுத்துத் தங்கிச் சமைத்தோம். ஊரில் மூன்று விசிலுக்குக் குழைந்துவிடும் துவரம்பருப்பு அங்கே முழித்துக்கொண்டு நின்றது. தண்ணீரில் கோளாறா? (குடும்பத் தலைவி, திருச்சி)

தண்ணீர் மேல் பழி போடாதீர்கள், அம்மா. காற்றில்தான் விஷயம் இருக்கிறது. ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் முந்திக்கொண்டு கொதித்துவிடும். 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்பது தோராயக் கணக்கு. உங்கள் ஊரில் 100 டிகிரியில் கொதிப்பது இங்கே 92, 93 டிகிரியிலேயே தளதளக்கிறது. அதற்குமேல் அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் சூடு ஏறாது, கேஸ்தான் தீரும். குக்கரும் இதற்குத் தப்பாது. வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல்தான் அது தன் பங்கைக் கூட்டுகிறது. அடிப்படையே இங்கே குறைவு. பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள். இங்கிருந்து கீழே வாழ்க்கைப்பட்டுப் போகும் பெண்கள் முதல் மாதம் பருப்பைக் கூழாக்கி மாமியாரிடம் பேச்சு வாங்குவதும் இதே கணக்கால்தான்.

குளிர்ப் பிரதேசத்துக்குத்தானே வந்தோம், முகம் ஏன் இப்படிக் கறுத்துப் போனது? (மதுரை)

குளிர் காற்றுக்குத்தான், வெயிலுக்கு இல்லை. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிரின் வீச்சு 10 சதவீத அளவில் கூடுகிறது. சுடவில்லையே என்று நீங்கள் உணராமல் நிற்பதுதான் ஆபத்து. தொப்பி போடுங்கள்.

நாங்கள் கோவைக் கல்லூரி மாணவர்கள். அவலாஞ்சி, மேல்பவானிப் பக்கம் மரமே இல்லாத மலைகளைப் பார்த்து வருந்தினோம். அங்கே மரக்கன்று நடுவதற்கு நாங்கள் யாரைப் பார்க்க வேண்டும், ஐயா?

யாரையும் பார்க்க வேண்டாம், தம்பி. அந்த மலைகள் மொட்டையடிக்கப்பட்டவை அல்ல; அவை பிறந்ததே அப்படித்தான். நீலகிரியின் உச்சிப் பகுதியில் இயற்கை வகுத்த ஏற்பாடு இதுதான்: மடிப்புகளிலும் பள்ளங்களிலும் சோலை, மேடுகளிலும் முகடுகளிலும் புல். இங்குள்ள சதுப்புகளின் அடி மண்ணை ஆராய்ந்தவர்கள் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல்வெளி இருந்ததற்கான தடயங்களைக் கண்டிருக்கிறார்கள். கோடரி பிடித்த மனிதன் வெட்டித் தீர்த்த காடு என்ற பேச்சு அதோடு அடிபட்டுப் போகிறது.

தூரத்தில் நின்று பார்த்தால் ஒன்றுமில்லாத இடம் போலத்தான் தெரியும். மழைக்காலத்தில் ஓடையோரப் புல்லில் கால் வைத்துப் பாருங்கள், பஞ்சை மிதித்தது போலச் செருப்பைச் சுற்றி நீர் கசிந்து வரும். குனிந்தால், விரல் நகத்தைவிடச் சிறிய இலைகளில் பசைத்துளிகளோடு பூச்சி பிடிக்கும் பனித்துளிச் செடி, தரை ஆர்க்கிட், காசித்தும்பையின் காட்டு உறவுகள். மரம் என்றால் அங்கங்கே காட்டுப்பூவரசு மட்டும். ரோடோடெண்ட்ரான் என்று புத்தகங்கள் சொல்வது இதைத்தான். உறைபனிக்கும் தீக்கும் ஈடுகொடுத்து, கூன் விழுந்து நின்று, சிவப்பாகப் பூக்கும். வரையாடு மேய்வது இந்தப் புல்லை. தோடர்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேய்வது சதுப்பில் வளரும் ஒருவகைப் புல்லால். அந்தச் சதுப்பு வற்றினால் கூரைக்கும் வழியில்லை.

உங்களைப் போலவே நல்ல எண்ணத்தோடு வந்தவர்கள்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை (வாட்டில்) மரத்தையும் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தையும் கொண்டுவந்து இந்த வெறும் மலையில் நட்டார்கள். விறகு வேண்டியிருந்தது, தோல் பதனிடப் பட்டை வேண்டியிருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு ஆலைகளுக்குக் கூழ்மரமும் வேண்டியிருந்தது. இன்று சீகை மரம் யாரும் நடாமலேயே பரவுகிறது. ஒன்றை வெட்டினால் அதன் விதை நூறாக முளைக்கிறது. கை பரபரத்தால், அந்நிய மரக்கன்றைப் பிடுங்கும் வேலைக்கு வாருங்கள். வனத்துறையும் தன்னார்வக் குழுக்களும் அவ்வப்போது ஆட்களைச் சேர்க்கிறார்கள். நடுவதைவிட இடுப்பு அதிகம் வலிக்கும்.

யூகலிப்டஸ் தைலம் கலப்படமில்லாதது என்று ஊட்டியில் வாங்கினோம். எட்டு மாதக் குழந்தைக்குச் சளி. மூக்கில் ஒரு சொட்டு விடலாமா? (சேலம்)

விடவே கூடாது. குழந்தையின் மூக்கு, முகம், நெஞ்சு எதிலும் படக்கூடாது. இலையைக் காய்ச்சி வடிக்கும் இந்த எண்ணெயில் சினியோல் என்ற பொருள்தான் பெரும்பங்கு. பெரியவர்களுக்கு மூக்கடைப்பு விட்டது போன்ற இதத்தைத் தருவதும் அதுதான். கைக்குழந்தைக்கு மூச்சுத் திணறலைத் தரக்கூடியதும் அதுதான். இரண்டு வயது வரை பக்கத்திலேயே கொண்டுபோகாமல் இருப்பது நல்லது. இதைக் குடிப்பது பெரிய விபரீதம். ஒரு டீஸ்பூன் அளவு உள்ளே போனாலே சிறு பிள்ளைக்கு வலிப்பும் மயக்கமும் வரலாம். அப்படி நேர்ந்தால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெரியவர்கள் தேங்காய் எண்ணெயில் கலந்து முழங்காலுக்குத் தேய்த்துக்கொள்ளட்டும். வலிப்பு நோய் உள்ளவர்கள் அதையும் டாக்டரைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

மலையின் அடையாளமாக நீங்கள் வாங்கிப் போகும் இந்தத் தைலத்தின் மரம் 1840களில்தான் இங்கே வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மலை ரயிலில் எஞ்சினைப் பின்னால் மாட்டியிருந்தார்கள். பார்த்ததும் பயமாக இருந்தது. ஏன் அப்படி? (ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி)

முன்னால் மாட்டியிருந்தால்தான், ஐயா, பயப்பட வேண்டும். கல்லாறு முதல் குன்னூர் வரையுள்ள செங்குத்தில், 12 அடி முன்னே போனால் ஓரடி மேலே ஏறுகிறது ரயில். அங்கே எஞ்சின் முன்னால் இருந்து இழுத்து, இடையில் கொக்கி அறுந்தால் பெட்டிகள் கதி என்ன? பின்னால் இருந்தால், எது அறுந்தாலும் பெட்டிகள் எஞ்சின் மேலேயே சாய்ந்து நிற்கும். இறங்கும்போது கவனித்திருந்தால் அதே எஞ்சின் முன்னால் இருந்திருக்கும். பள்ளத்துப் பக்கத்தை அது எப்போதும் விட்டுக்கொடுப்பதில்லை.

அந்தப் பகுதியில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் வைத்த இரும்புப் பட்டைகள் இரண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றின் பல் இருக்குமிடத்தில் மற்றொன்றின் இடைவெளி வரும்படி அமைத்திருக்கிறார்கள். எஞ்சினின் பல்சக்கரம் எந்த நொடியிலும் ஏதோ ஒரு பல்லைக் கவ்விக்கொண்டே இருக்கும். எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். இரண்டு சாதாரணச் சக்கரங்களை ஓட்டும், இரண்டு பல்சக்கரத்தை ஓட்டும். முதல் இரண்டில் வேலை செய்த நீராவியே அடுத்த இரண்டுக்குப் போகிறது. போதாததற்கு ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்மேன். கொடி அசைவைப் பார்த்துப் பார்த்து அவர் கையால் பிரேக்கைத் திருகுவதைப் பார்ப்பதற்காகவே முதல் பெட்டியில் உட்காரலாம். இந்த வகை எஞ்சின்கள் ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்தவை. பிற்பாடு திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிதாகச் செய்தார்கள்.

பாதை போடுகிற யோசனை 1854-இல் எழுந்தது. வேலை தொடங்கியது 1891-இல். குன்னூருக்கு 1899-இல் ரயில் வந்தது, ஊட்டியைத் தொட 1908 ஆயிற்று. 46 கிலோமீட்டரில் 16 குகைகள், 250 பாலங்கள். 2005-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது.

மேட்டுப்பாளையத்திலிருந்து டிக்கெட் கிடைக்காவிட்டால் மனம் தளராதீர்கள். குன்னூர்–ஊட்டி இடையே பகலில் பல ரயில்கள் ஓடுகின்றன, ஆனால் அங்கே டீசல் எஞ்சின். நவம்பர், டிசம்பரில் மண்சரிவால் திடீரென்று ரத்தாகும்; அந்த மாதங்களில் ரயிலை நம்பித் திட்டம் போடாதீர்கள். சொந்தக் காரில் வருபவர்களுக்கு இ-பாஸ் வேண்டும். அரசு பஸ்ஸிலும் ரயிலிலும் வருபவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

உறைபனி பார்க்க ஆசை. எப்போது, எங்கே வரலாம்? (சென்னை)

டிசம்பர் கடைசி, ஜனவரி. வானம் நிர்மலமாக, காற்றசைவே இல்லாமல் இருக்கிற இரவுக்கு மறுநாள் காலை. மேகம் இருந்தால் தரையின் சூடு தப்பிப் போக விடாது, அன்று உறைபனி இல்லை. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். அதனால்தான் தொட்டபெட்டா உச்சியில் இல்லாத வெள்ளை கீழே தலைக்குந்தாவிலும், காந்தலிலும், குதிரைப் பந்தய மைதானத்திலும் விரிந்து கிடக்கிறது. இது வானத்திலிருந்து விழுவதில்லை. காற்றிலுள்ள ஈரம் சில்லிட்ட புல்லில் நேராகப் பனிக்கட்டியாகப் படிகிறது. ஆறரை மணிக்குக் குனிந்து பாருங்கள்: ஒவ்வொரு புல்லின் விளிம்பிலும் வரிசையாக வெள்ளை ஊசிகள், நடுநரம்பு மட்டும் பச்சை. வெயில் தொட்டதும் கரைந்துவிடும். எட்டரைக்கு எழுந்து காபி குடித்துவிட்டு வந்து "ஒன்றுமே இல்லையே" என்று என்னிடம் புகார் சொல்லக்கூடாது.

உங்களுக்குப் படம் எடுக்கும் காலை, தேயிலை வைத்திருப்பவருக்கு வயிற்றெரிச்சல். இலைக்குள் நீர் உறைந்து திசு கிழிந்துவிடுகிறது. சில நாளில் செடி தீப்பட்ட நிறத்துக்கு வந்துவிடும். தாவரவியல் பூங்காவில் அந்த மாதங்களில் செடிகள் மேல் மிலார் என்ற செடியின் தழையைக் கவிழ்த்து மூடி வைத்திருப்பதும் இதனால்தான். படம் எடுக்க அதை விலக்காதீர்கள்.

எந்த மாதம் மழையில்லாமல் இருக்கும்? (புதுச்சேரி)

எந்த மாதம் என்று கேட்பதைவிட எந்தப் பக்கம் என்று கேளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கூடலூர், தேவாலா, அவலாஞ்சியைப் புரட்டியெடுக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அதே மாதத்தில் கோத்தகிரியில் குடையைக் கையில் தொங்கவிட்டு நடக்கலாம். நடுவில் தொட்டபெட்டாத் தொடர் மறித்து நிற்கிறது. அக்டோபரில் கதை தலைகீழாகும். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் வந்து மோதும். 2009 நவம்பரில் அந்தப் பக்கத்தில் ஏற்பட்ட மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிவப்பு எச்சரிக்கை கொடுத்தால் லாட்ஜ் முன்பணத்தை நினைத்துக் கிளம்பாதீர்கள்.

ஊட்டியைக் கண்டுபிடித்தது ஜான் சல்லிவன்தானே? (போட்டித் தேர்வு மாணவி, தேனி)

தேர்வுத் தாளில் அப்படிக் கேட்டால் அப்படியே எழுதுங்கள், மதிப்பெண் முக்கியம். உண்மை வேறு. தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் எல்லாரும் வாழ்ந்துகொண்டிருந்த மலையை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்தனனின் தளபதி, தோடர்களை அச்சுறுத்தியதாகப் பெருமை பேசும் கல்வெட்டின் ஆண்டு 1117. ஃபெனிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் 1603-இலேயே மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். கோவைக் கலெக்டராக இருந்த சல்லிவன் வந்தது 1819-இல். அவர் கட்டிய கல் பங்களா இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. ஏரியும் அவர் முயற்சிதான். தோடர்களின் நில உரிமைக்காகத் தன் அரசாங்கத்தோடேயே மல்லுக்கு நின்றார் என்பதற்காக எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு.

குறிஞ்சி ஆண்டுதோறும் பூப்பதாகச் செய்தி வருகிறதே? (திண்டுக்கல்)

குறிஞ்சிக் குடும்பத்தில் பல இனங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. பன்னிரண்டு ஆண்டுக் கணக்குள்ள நீலக்குறிஞ்சி 2006-லும் 2018-லும் பெருவாரியாகப் பூத்தது, அடுத்தது 2030. ஒருமுறை பூத்து விதை உதிர்த்ததும் செடி செத்துவிடும். பூங்கொத்தைப் பறித்துக் காரில் செருகுபவர் அடுத்த பன்னிரண்டு ஆண்டுக்கான விதையைப் பறிக்கிறார்.

குன்னூர்த் தெருவில் காட்டு மாடு எதிரே வந்துவிட்டது. என்ன செய்வது? (ஈரோடு)

ஒன்றும் செய்யாமல் நில்லுங்கள், பின் மெல்லப் பின்வாங்குங்கள். வளர்ந்த ஆண் ஆயிரம் கிலோவை நெருங்கும். ஹாரன் அடிப்பதும், செல்பி எடுப்பதும், நாயை ஏவுவதும் வேண்டாம். தலையைத் தாழ்த்தி மூச்சுச் சீறினால் அது கடைசி அறிவிப்பு. பெரும்பாலும் அதற்கு வேண்டியது உங்கள் பின்னால் இருக்கும் வழிதான்.

அட்டை கடித்தால் உப்பா, தீக்குச்சியா? (நாகர்கோவில்)

இரண்டும் வேண்டாம். சுட்டாலோ உப்புப் போட்டாலோ அது உள்ளிழுத்ததைக் கடிவாயிலேயே கக்கிவிடலாம். மெலிந்த முனைதான் வாய். அதை நகத்தால் பக்கவாட்டில் தள்ளி, பிறகு மறுமுனையை விடுவித்துச் சுண்டி எறியுங்கள். ரத்தம் உறையாதபடி அது ஒரு பொருளைச் செலுத்தியிருக்கும், அதனால் சிறிது நேரம் வழியத்தான் செய்யும். சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திக் கட்டுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.