இரைப்பை பைபாஸ் செய்தும் எடை ஏறிவிட்டது, மறுபடி கத்தி வைக்கலாமா?

சத்துவாச்சாரியிலிருந்து ஒருவர் கேட்கிறார்: இரைப்பை பைபாஸ் (எடை குறைக்க, இரைப்பையின் மேல்பகுதியைச் சின்னப் பையாகத் தைத்துக் குடலோடு இணைக்கும் அறுவை) முடிந்து 5 வருடம், குறைந்த 40 கிலோவில் 18 திரும்பிவிட்டது, மறு அறுவை செய்துகொள்ளலாமா?

அவசரப்படாதீர்கள். கொஞ்சம் எடை திரும்புவது சகஜம்தான். முதலில் எண்டோஸ்கோப்பியும் பேரியம் கரைசலைக் குடித்து எடுக்கும் எக்ஸ்ரேயும் எடுத்துப் பாருங்கள். சுமார் 30 மில்லி அளவில் தைத்த சின்னப் பை விரிந்திருக்கலாம். அது குடலோடு சேரும் வாய் அகன்றிருக்கலாம். அபூர்வமாக, பைக்கும் ஒதுக்கிவைத்த பழைய இரைப்பைக்கும் நடுவே ஓட்டை விழுந்திருக்கலாம். ஓட்டை என்றால் மறு அறுவைக்கு நியாயம் உண்டு. வாய் அகன்றிருந்தால், வயிற்றைத் திறக்காமல் எண்டோஸ்கோப் வழியாகவே தையல் போட்டுச் சுருக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தால்? தட்டைப் பாருங்கள். பிரியாணி நாலு வாயில் அடைத்துவிடும். ஆனால் ஆற்காடு மக்கன் பேடா போன்ற இனிப்பு வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். (என் மாமா விஷயத்தில் குற்றவாளி டீதான்: ஒரு நாளைக்கு ஐந்து டம்ளர், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை.) பசியைக் குறைக்கும் செமாக்ளுடைட் போன்ற ஊசிகளைப் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.

இரண்டாவது அறுவையில் உள்ளே ஒட்டிக்கிடக்கும் திசுக்களைப் பிரிக்க வேண்டும். தையல் கசியும் ஆபத்து முதல் முறையைவிட அதிகம். குடலை இன்னும் தள்ளி இணைத்தால் புரதமும் இரும்புச் சத்தும் குறையும். அப்புறம், பழைய ஆபரேஷன் குறிப்பைத் தேடி எடுத்துப் போங்கள். எத்தனை சென்டிமீட்டர் குடலைத் தாண்டி இணைத்தார்கள் என்பது அதில்தான் இருக்கும்.