இரண்டு டாலர் பதின்மூன்று சென்ட்

அன்புள்ள ஐயா,

டாலஸில் எட்டு வருடங்களாக மென்பொருள் வேலையில் இருக்கிறேன். அமெரிக்காவில் குறைந்தபட்சக் கூலியை உயர்த்த வேண்டும் என்று நீங்கள் எழுதியதில் எனக்கு உடன்பாடில்லை. கூலியைச் சந்தைதான் முடிவு செய்ய வேண்டும். சட்டம் போட்டு ஏற்றினால் சிறு கடைக்காரர் ஆளைக் குறைப்பார். இப்போதே ஹோட்டலில் 20 சதவீதம் டிப்ஸ் எதிர்பார்க்கிறார்கள். முதலாளி தரவேண்டிய சம்பளத்தை நான் ஏன் தர வேண்டும்? நீங்கள் ஜனநாயகக் கட்சிக்காரர்களின் வாதத்தைத்தான் எழுதுகிறீர்கள் என்று தோன்றுகிறது.

கே.ஆர்.

அன்புள்ள கே.ஆர்.,

"முதலாளி தரவேண்டிய சம்பளத்தை நான் ஏன் தர வேண்டும்?" நானும் இதைத்தான் கேட்கிறேன். இங்கிருந்தே தொடங்குவோம்.

சில வருடங்களுக்கு முன் உங்கள் டெக்சஸில், நெடுஞ்சாலையோரச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் காலை உணவுக்கு உட்கார்ந்திருந்தேன். கூட்டமில்லை. காபி ஊற்றிய அம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். பேச்சுவாக்கில் சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். மணிக்கு 2.13 டாலர் என்றார். சரியாகக் காதில் விழவில்லையோ என்று மறுபடி கேட்டேன். ஏப்ரன் பையிலிருந்து நாலாக மடித்த சம்பளச் சீட்டை எடுத்துப் பிரித்துக் காட்டினார். இரண்டு வார வேலை. கடைசி வரியில், கையில் வரும் தொகை 0.00. டிப்ஸுக்கான வரியையும் அந்த 2.13இலிருந்தே பிடித்துக்கொள்வதால் மிச்சம் எதுவும் இல்லை. மேஜையில் நாம் வைத்துவிட்டுப் போகும் பணம்தான் அவருக்கு வாடகை, மருந்து, பெட்ரோல் எல்லாம்.

இந்த 2.13 சந்தை முடிவு செய்த தொகை இல்லை, கே.ஆர். சட்டத்தில் எழுதியிருக்கும் தொகை. 1991இல் குறைந்தபட்சக் கூலி 4.25 டாலர், டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு அதில் பாதி. 1996இல் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியபோது இந்தப் பாதிக் கணக்கை வெட்டிவிட்டு 2.13ஐ அப்படியே நிறுத்திவிட்டார்கள். கையெழுத்துப் போட்டவர் ஜனநாயகக் கட்சியின் கிளின்டன். டிப்ஸ் சேர்ந்தும், நாடு முழுவதற்குமான குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலர் வரவில்லை என்றால் மீதியை முதலாளி தர வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதைக் கேட்க வேண்டுமென்றால், அடுத்த வாரம் யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று முடிவு செய்பவரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

அந்த 7.25 டாலரும் 2009 ஜூலை 24 அன்று வந்தது. அதற்குப் பிறகு ஏறவில்லை. அதிபர் ரூஸ்வெல்ட் காலத்தில், 1938இல், மணிக்கு 25 சென்ட் என்று தொடங்கிய சட்டம் இது. தொடங்கிய நாளிலிருந்து வேறு எப்போதும் இத்தனை வருடங்கள் கூலியைத் தொடாமல் விட்டதே இல்லை. ஒரு வாரம்கூட விடாமல், வாரம் 40 மணி நேரம் உழைத்தால் வருடத்துக்கு 15,080 டாலர். டாலஸ் வாடகை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

வேலை போய்விடும் என்கிறீர்கள். நியாயமான பயம்தான். 1992இல் நியூ ஜெர்சி மாநிலம் தன் குறைந்தபட்சக் கூலியை 4.25இலிருந்து 5.05 ஆக்கியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா ஏற்றவில்லை. பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் இரண்டு பக்கத்து ஃபாஸ்ட் ஃபுட் கடைகளையும் ஒப்பிட்டார்கள். ஏற்றிய பக்கத்தில் வேலை குறையவில்லை. அதை மறுத்து எழுதிய பொருளாதார அறிஞர்களும் உண்டு. விவாதம் இன்னும் ஓயவில்லை. 2021இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம், 2025க்குள் 15 டாலர் ஆக்கினால் 14 லட்சம் வேலைகள் குறையும், 9 லட்சம் பேர் வறுமையிலிருந்து மீள்வார்கள் என்று மதிப்பிட்டது. அந்த 14 லட்சத்தை நான் சின்ன எண்ணாக நினைக்கவில்லை. சியாட்டிலுக்குத் தாங்கும் கூலி மிசிசிப்பியின் சிற்றூருக்குத் தாங்காமல் போகலாம், படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். ஆனால் எவ்வளவு ஏற்றுவது என்பது வேறு, பதினைந்து வருடங்களுக்கு மேல் ஒரு சென்ட்கூட ஏற்றாமல் இருப்பது வேறு. பின்னதற்கு எந்தப் பொருளாதாரக் காரணத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை.

இதற்கிடையில் 2024 அதிபர் தேர்தலில் ட்ரம்ப், ஹாரிஸ் இருவருமே டிப்ஸுக்கு வரி இல்லை என்று வாக்குக் கொடுத்தார்கள். 2025இல் ஒரு வரம்புக்குள் வருமான வரிக் கழிவும் வந்தது. வருமான வரியே கட்டும் அளவுக்குச் சம்பாதிக்காதவருக்கு அதில் என்ன கிடைக்கும்? 2.13 அசையவே இல்லை.

அப்புறம் கட்சி. 2021 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலியை 15 டாலராக்கும் திருத்தம் செனட்டில் 42க்கு 58 என்று தோற்றது. ஜனநாயகக் கட்சி அணியிலிருந்தே எட்டுப் பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். அதற்கு நாலு மாதம் முன்பு ஃப்ளோரிடாவில் ட்ரம்ப் ஜெயித்தார். அதே நாள், அதே வாக்குச்சீட்டில் 15 டாலர் கூலிக்கு சுமார் 61 சதவீதம் பேர் சம்மதம் சொன்னார்கள். 2022இல் நெப்ராஸ்கா மக்களும், 2024இல் மிசௌரி மக்களும் அப்படியே சம்மதம் சொன்னார்கள். எல்லாம் குடியரசுக் கட்சியின் கோட்டைகள். கேள்வியை நேராக மக்களிடம் வைத்தால் பதில் இப்படித்தான் வருகிறது. இதை ஒரு கட்சியின் வாதம் என்று எப்படிச் சொல்வது?

டெக்சஸில் அந்த வழி இல்லை. மக்களே மனுப் போட்டு மாநில வாக்கெடுப்புக்குக் கொண்டுவர முடியாது. டாலஸ் நகராட்சி நினைத்தாலும் தனியார் கடைகளுக்குக் கூலியை உயர்த்த மாநிலச் சட்டம் விடாது. உங்கள் கோபம் சரியானது. அதை உங்கள் செனட்டர்கள் இருவருக்கும் எழுதுங்கள். ஆனால் அந்த 20 சதவீதத்தை மட்டும் தயவுசெய்து குறைத்துவிடாதீர்கள். அதை எடுத்துக்கொள்வது முதலாளி இல்லை, அந்த அம்மாதான்.