பழைய பில் மென்பொருளையும் புதிய இஆர்பியையும் ஜாவாவில் இணைப்பது எப்படி?

கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். சின்ன மென்பொருள் நிறுவனம் ஒன்றில் இரண்டு வருடமாக வேலை செய்கிறார். அவர்களுடைய வாடிக்கையாளர் ஒருவருக்கு யாழ்ப்பாணம், சாவகச்சேரி, கிளிநொச்சி என்று மூன்று இடங்களில் கட்டடப் பொருள் கடை. மூன்றிலும் விஷுவல் பேசிக்கில் எழுதிய பழைய பில் மென்பொருள் ஓடுகிறது. தரவு எல்லாம் எம்எஸ் அக்சஸ் கோப்பில் இருக்கிறது. இப்போது கடை முதலாளி இணையவழி இஆர்பி (கணக்கு, இருப்பு, கொள்வனவு எல்லாம் ஒரே இடத்தில் நடத்தும் நிறுவன மென்பொருள்) ஒன்று வாங்கியிருக்கிறார். கடைகளில் பழையதே தொடரும், கணக்கு மட்டும் புதியதில் சேர வேண்டும். இடையில் நின்று இரண்டையும் பேசவைக்கும் நிரலை, அதாவது அடாப்டரை, ஜாவாவில் எழுதுவது தம்பியின் பொறுப்பு. "ஜேசிஏ (இப்படியான அடாப்டர்களுக்கான ஜாவா விதிமுறை) படித்து முறைப்படி செய்யவா, சாதாரண ஜாவா நிரலே போதுமா? எங்கே தொடங்குவது? எத்தனை நாள் ஆகும் என்று முதலாளிக்குச் சொல்வது?" என்று கேட்கிறார்.

தம்பி, முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். இந்த வேலைக்கு ஜேசிஏ வேண்டாம். அதைக் குறைத்து மதிப்பிட்டு இப்படிச் சொல்லவில்லை. 2001இல் ஜே2இஇ 1.3 (பெரிய நிறுவனங்களுக்கான ஜாவா தொகுப்பு) உடன் அது வந்தபோது தீர்த்துவைத்த சிக்கல் பெரியது. அதற்கு முன் ஒரு பெரிய நிறுவன மென்பொருளோடு பேச எழுதிய அடாப்டர் ஒரு அப்ளிகேஷன் சேர்வரில் (நிறுவன நிரல்களை ஏற்றி ஓடவைக்கும் மென்பொருள்) ஓடும், இன்னொன்றில் ஓடாது. இணைப்புகளைத் திறந்து வைத்துப் பங்கிடுவது, பரிவர்த்தனையை நடத்துவது, பாதுகாப்பு ஆகிய மூன்றிலும் சேர்வரின் வேலை எது, அடாப்டரின் வேலை எது என்று ஜேசிஏ பிரித்துக் கொடுத்தது. 2003இல் வந்த ஜேசிஏ 1.5 பதிப்பில் வெளியிலிருந்து உள்ளே வரும் செய்திகளுக்கும் வழி கிடைத்தது. இன்றைக்கு அதன் பெயர் ஜகார்த்தா கனெக்டர்ஸ்.

ஆனால் அதற்கு வைல்ட்ஃபிளை, ஓப்பன் லிபர்ட்டி போன்ற ஒரு சேர்வர் வேண்டும்; டொம்கற் என்ற எளிய வலைச் சேர்வர் மட்டும் போதாது. தரவுத்தளமும் மெசேஜ் கியூவும் (செய்திகளை வரிசையில் வைத்து அனுப்பும் மென்பொருள்) ஒரே எக்ஸ்ஏ பரிவர்த்தனைக்குள் (பல அமைப்புகளைச் சேர்த்துக் கட்டும் பரிவர்த்தனை) ஒன்றாக முடிய வேண்டும், இல்லையென்றால் ஒன்றாகக் கைவிடப்பட வேண்டும் என்ற இடத்தில் அது உழைப்புக்குத் தகும். அங்கேயும் நீங்களே எழுத வேண்டி வருவது அரிது. ஐபிஎம் எம்க்யூ, ஆக்டிவ்எம்க்யூ ஆர்டெமிஸ் என்ற மெசேஜ் கியூக்கள் இரண்டும் தங்கள் அடாப்டரைத் தாங்களே தருகின்றன. உங்கள் இஆர்பி ரெஸ்ட் ஏபிஐயில் (வலை வழியாக நிரலும் நிரலும் பேசும் முறை) பேசும் என்று எழுதியிருக்கிறீர்கள். எச்டிடிபி வழியாகப் போகும் அந்த அழைப்பை எக்ஸ்ஏவுக்குள் கொண்டுவர முடியாது. ஆகவே ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா சட்டகத்திலோ வெறும் ஜாவாவிலோ ஒரு சின்ன சேவை போதும். கோப்பு, எஃப்டிபி, மின்னஞ்சல் என்று வழிகள் பெருகினால் மட்டும் அப்பாச்சி கேமல் என்ற இணைப்பு நூலகத்தைப் பாருங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? நிரலைத் திறக்க முன்னர் சாவகச்சேரிக் கடையில் போய் நேற்றைய பில் ஒன்றைக் கையில் வாங்குங்கள். அதை இஆர்பியின் திரையில் நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போடுங்கள். பத்து பில் இப்படிப் போட்டால், எந்தப் பெட்டிக்குள் எதைப் போடுவது என்று தெரியாமல் எத்தனை இடத்தில் நிற்கிறீர்கள் என்பது புரியும். பழையதில் "சில்லறை வாடிக்கையாளர்" என்று ஒரு பெயர் இருக்கும், புதியது அடையாள எண் கேட்கும். பழையதில் சீமெந்துப் பை கணக்கு, புதியதில் கிலோ கணக்கு. அப்படி நின்ற ஒவ்வொரு இடத்தையும் எழுதி, கணக்காளரிடம் கேட்டு, அவர் சொன்ன பதிலைப் பக்கத்தில் எழுதிவையுங்கள். அடாப்டரின் உண்மையான வடிவமைப்பு அந்தத் தாள்தான்.

அடுத்தது அக்சஸ் கோப்பு. பழைய பாடங்களில் ஜாவாவைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் ஜேடிபிசி–ஓடிபிசி பாலத்தைப் பயன்படுத்தச் சொல்லியிருப்பார்கள். 2014இல் ஜாவா 8 வந்தபோதே அது நீக்கப்பட்டுவிட்டது. இப்போது யூகேன்அக்சஸ் என்ற ஜேடிபிசி டிரைவர் உண்டு, ஜாவாவிலேயே எழுதியது. ஆனால் கடை ஓடும் நேரத்தில் அந்தக் கோப்பில் எதையும் எழுதாதீர்கள். விஷுவல் பேசிக் நிரல் போடும் பூட்டை அந்த டிரைவர் மதிக்கும் என்று நம்ப முடியாது, கோப்பே பழுதாகலாம். கடை பூட்டிய பிறகு, பக்கத்தில் எல்டிபி பூட்டுக் கோப்பு இல்லை என்று பார்த்து, ஒரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியை மட்டும் வாசியுங்கள். கடைசியாக அனுப்பிய பில் எண்ணை வைத்துக்கொண்டு அதற்கு மேலே உள்ளதை மட்டும் எடுத்தாலும் போதாது. பழைய மென்பொருள்கள் பலவற்றில் நேற்றைய பில்லைத் திறந்து இன்று திருத்த முடியும். கடந்த 30 நாள் பில்களுக்கும் ஒவ்வொன்றாக ஹாஷ் (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் சுருக்கக் குறி) கணக்கிட்டு வைத்து, இரவில் ஒப்பிட்டு, மாறியதையும் திருத்தமாக அனுப்புங்கள்.

இனி நான் மிகவும் அக்கறையோடு சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பில்லை இஆர்பிக்கு அனுப்பினால் விளைவு இரண்டு என்றுதான் எல்லோரும் முதலில் நினைக்கிறோம்: போனது, போகவில்லை. மூன்றாவது ஒன்று உண்டு. அனுப்பினோம், பதில் வரவில்லை. அங்கே பில் பதிவாகிப் பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம், பதிவாகாமலும் இருக்கலாம். உங்களுக்குத் தெரியாது.

இந்த மூன்றாவது நிலையை "போகவில்லை" என்று எடுத்துக்கொண்டு நான் ஒருமுறை நிரல் எழுதினேன். இணைப்பு விட்டு விட்டு வந்த ஒரு மழை நாளில் என் நிரல் அதே பில்களைத் திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறது. அடுத்த நாள் கணக்கில் ஒரே விற்பனை இரண்டு, மூன்று முறை. அந்த அலுவலகத்தின் கணக்காளர் அக்கா அச்செடுத்த தாள்களைப் பரப்பி வைத்து, அடிமட்டத்தை ஒவ்வொரு வரியாக நகர்த்தி, இரண்டு நாள் இருந்து அதைச் சரிசெய்தார். என்னை அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இந்த நிலையைத் தீர்மானிக்காமல் எந்த அடாப்டரையும் நான் தொடங்கியதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். அடாப்டருக்குச் சொந்தமாக ஒரு சின்னத் தரவுத்தளம் வையுங்கள், போஸ்ட்கிரெஸ் போதும். ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிலை: காத்திருக்கிறது, அனுப்பப்பட்டுப் பதில் இல்லை, முடிந்தது, மறுக்கப்பட்டது. அனுப்புவதற்கு முன்னரே "அனுப்பப்பட்டுப் பதில் இல்லை" என்று எழுதிவிட்டு அனுப்புங்கள். பிறகு கரண்ட் போனாலும், நிரல் பாதியில் செத்தாலும், திரும்ப எழுந்ததும் எங்கே நின்றது என்று அதற்குத் தெரியும். ஒவ்வொரு பில்லுக்கும் மாறாத ஓர் அடையாளமும் வேண்டும். மூன்று கடையிலும் பில் எண் 1இல் இருந்து தொடங்கியிருக்கும்; ஆகவே கடைக் குறி, வருடம், பில் எண் மூன்றையும் சேர்த்து ஒரு சாவி ஆக்குங்கள். இஆர்பியில் வெளிக் குறிப்பு எண்ணுக்கு ஒரு புலம் இருந்தால் அதில் இந்தச் சாவியைப் போட்டு, ஒரே சாவி புதிய பில்லாக இரண்டாம் முறை வந்தால் மறுக்கும்படி அமைக்கச் சொல்லுங்கள். அந்த வசதி இல்லையென்றால், திரும்ப அனுப்ப முன்னர் அந்தச் சாவியில் ஏதும் பதிவு இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

இதோடு சேர்ந்தது நேர வரம்பு. ஜாவா 11இல் நிலையாக வந்த எச்டிடிபி கிளையண்டில் நீங்கள் வரம்பு வைக்காவிட்டால் அது எவ்வளவு நேரமும் காத்திருக்கும். இணைப்புக்கு ஒன்று, பதிலுக்கு ஒன்று என இரண்டையும் வையுங்கள். திரும்ப அனுப்பும்போது இடைவெளியை ஒரு நிமிடம், இரண்டு, நான்கு என்று கூட்டுங்கள், கொஞ்சம் சீரில்லாத நேரமும் சேருங்கள். கரண்ட் வந்தவுடன் மூன்று கடையும் ஒரே நொடியில் போய் மோதக்கூடாது. 503, 429 (இப்போது முடியாது, அல்லது அழைப்பு அதிகம்) என்று பதில் வந்தால் மறுபடி முயலலாம். 400 அல்லது 422 என்று வந்தால் தவறு தரவில் இருக்கிறது. நூறு முறை அனுப்பினாலும் அதே பதில்தான் வரும். அந்த பில்லை ஒதுக்கிவைத்து, காரணத்தோடு ஒரு மனிதரின் கண்ணில் படச் செய்யுங்கள்.

அப்புறம் தமிழ். வேறு ஊர்ப் பாடங்களில் இது இருக்காது, எங்கள் ஊரில் இது கட்டாயம் வரும். அந்தப் பழைய மென்பொருளில் வாடிக்கையாளர் பெயர்கள் பாமினி என்ற பழைய, யுனிகோடு அல்லாத எழுத்துருவில் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. திரையில் தமிழ் தெரியும், கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் இருக்கும். அதை யுனிகோடுக்கு மாற்றும்போது ஒன்றுக்கு ஒன்று மாற்றினால் சரிவராது. பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு முதலில், பிறகு மெய் வரும். யுனிகோடில் மெய் முதலில், கொம்பு பிறகு. "கொ" என்ற எழுத்து பாமினியில் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. ஆகவே நீளமான சேர்க்கைகளை முதலில் மாற்றி, குறுகியவற்றைப் பிறகு மாற்றுங்கள். இன்னொரு சிக்கல், பொருட்களின் பெயர்கள் உண்மையான ஆங்கிலத்திலும் இருக்கும். பிவிசி குழாயைக் கண்மூடித்தனமாக மாற்றினால் பொருளில்லாத தமிழ்தான் வரும். எந்தப் பெயர் பாமினி, எந்தப் பெயர் ஆங்கிலம் என்று கோப்பில் எழுதியிருக்காது. திரையைப் பார்த்து நீங்களே பட்டியல் போடுங்கள், சந்தேகமானதைக் கடைக்காரரிடம் காட்டுங்கள், மூலத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

யுனிகோடுக்குள் வந்த பிறகும் ஓய முடியாது. "கொ"வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் என்று இரண்டாகவும் எழுதலாம். பார்வைக்கு ஒன்று, இரண்டு சொல்லை ஒப்பிடும் ஜாவாவின் ஈக்வல்ஸுக்கு வேறு. ஜாவாவின் நோர்மலைசர் வகுப்பில் என்எஃப்சி என்ற ஒரே சீர் வடிவுக்கு மாற்றினால் இது தீரும். ஆனால் கௌரி என்பதை ஔகாரக் குறியால் ஒருவரும், ளகரத்தைப் போட்டு கெளரி என்று இன்னொருவரும் எழுதியிருந்தால் என்எஃப்சி அதைத் தொடாது. ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு கடன் கணக்கு இப்படித்தான் பிறக்கிறது. நீளத்தையும் கவனியுங்கள். "யாழ்ப்பாணம்" என்பது கண்ணுக்கு 6 எழுத்து, யுனிகோடில் 11 குறி, யுடிஎஃப்-8 சேமிப்பு முறையில் 33 பைட். இஆர்பியின் பெயர்ப் புலம் 40 என்றால் எதில் 40 என்று கேளுங்கள். கடைக் கணினியில் ஜாவா 18க்கு முந்தியது ஓடினால், கோப்பை வாசிக்கும் ஒவ்வொரு இடத்திலும் யுடிஎஃப்-8 என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். அதற்கு முன் விண்டோஸ் வைத்திருக்கும் குறியாக்கத்தையே ஜாவா எடுத்துக்கொள்ளும்.

மற்றவை சின்னவை. பணத்துக்கு டபிள் (தசமத்தில் சிறு பிழை வரும் எண் வகை) வேண்டாம், துல்லியமான பிக்டெசிமல். வற் வரி 2024 ஜனவரி 1 முதல் 18 வீதம். பழைய பில்லின் சாமான் திரும்பி வந்தால் அந்த பில்லின் திகதிக்குரிய வீதம்தான் வேண்டும், நிரலில் 18 என்று பதித்துவிடாதீர்கள். பில் திகதியை லோக்கல்டேட் (நேரம் இல்லாத வெறும் திகதி) ஆகவே அனுப்புங்கள். நள்ளிரவு 00:00 என்று நேரம் சேர்த்து யூடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கு மாற்றினால் எங்கள் ஐந்தரை மணி நேர வித்தியாசத்தில் அது முதல் நாள் மாலை 6.30 ஆகி, விற்பனை முழுவதும் ஒரு நாள் பின்னால் போய்விடும். கடன் வாடிக்கையாளரின் அடையாள அட்டை எண் பழையதில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்துமாக இருக்கும். அதை 12 இலக்கமாக்க, எழுத்தை நீக்கி, முன்னால் 19 போட்டு, பழைய எண்ணின் ஐந்தாவது இலக்கத்துக்குப் பிறகு ஒரு 0 செருகினால் சரி.

கடைசிக் கேள்வி, எத்தனை நாள். நிரலை மட்டும் நினைத்தால் இரண்டு வாரம் என்று சொல்லத் தோன்றும். ஆறு வாரம் கேளுங்கள். முதல் இரண்டு வாரம் ஒன்றும் அனுப்பாமல் தரவைப் பாருங்கள், அந்தத் தாளை நிரப்புங்கள். அடுத்த இரண்டில் நிரல் எழுதி, ஓடிக்கொண்டிருக்கும்போது வலை வயரைப் பிடுங்கிப் பாருங்கள், நிரலைப் பாதியில் கொன்று பாருங்கள், இஆர்பியின் சோதனைப் பக்கத்தில் ஒரு பில்கூட இரட்டிக்கவில்லை என்று உறுதியாகும் வரை விடாதீர்கள். கடைசி இரண்டு வாரம் பில் குறைவாகப் போடும் ஒரே ஒரு கடையில் மட்டும் ஓடட்டும். இரவு ஒவ்வொன்றிலும் பழையதின் மொத்தமும் புதியதின் மொத்தமும் சதம் பிசகாமல் ஒத்துவருகிறதா என்று கணக்காளர் பார்த்துச் சொல்ல வேண்டும். மற்ற இரண்டு கடையையும் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள். எந்தக் கடையையும் மாதக் கடைசி வாரத்தில் மட்டும் தொடங்க வேண்டாம், கணக்காளருக்கு அப்போது மூச்சுவிட நேரம் இருக்காது.