ராஜா இறந்ததும் ராஜ்யம் சிதறிவிடுகிறது, பழைய சேவ் கோப்புக்குத் திரும்பிப் போகலாமா?

கேட்டவர் ஒரு வம்சத்தைத் தலைமுறை தலைமுறையாக ஆளும் க்ரூசேடர் கிங்ஸ் 3 என்ற கணினி விளையாட்டில், ரசிகர்கள் செய்த ஒரு கற்பனை உலக மோட் (மாற்றுத் தொகுப்பு) போட்டு விளையாடுகிறார். நாற்பது வருடம் ஆண்ட ராஜா கண்ணை மூடிய அன்றைக்கே இரண்டு மகன்களுக்கும் நாடு பிரிந்துவிட்டதாம், கூட்டாளி ராஜா கழன்றுகொண்டாராம், சிற்றரசர்கள் கலகம் செய்கிறார்களாம். முன்பு சேமித்துவைத்த பழைய சேவுக்குத் திரும்பிப் போவது தப்பா என்பது கேள்வி.

தப்பெல்லாம் இல்லை. உங்கள் கணினி, உங்கள் ராத்திரி. ஆனால் திரும்பிப் போனாலும் அதே இடத்தில்தான் வந்து நிற்பீர்கள். நான் நான்கு முறை போய்வந்தவன்.

இரவு இரண்டு மணிக்குக் கேள்வியைப் போட்டிருக்கிறீர்கள். படிப்பு முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் வயது என்று நினைக்கிறேன். வீட்டில் அப்பா நன்றாக இருக்கிறார் என்றும் நினைத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் கேள்வி வேறு மாதிரி வந்திருக்கும்.

எனக்கு ஊர் கோத்தகிரி பக்கம், சோலூர்மட்டம் போகிற வழி. இரண்டரை ஏக்கர் தேயிலை. எங்களுக்குப் பெரிய மழை ஐப்பசியில்தான். கூடலூர்க்காரர்களுக்கு ஆடியில் கொட்டினால் எங்களுக்கு ஐப்பசியில் கொட்டும். அந்த மழையில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்த ஒரு ராத்திரிதான் என் ராஜாவும் போனார். அறுபத்தேழு வயது. நான்கு தலைமுறையாகச் சேர்த்த இரண்டு ராஜ்யங்கள் அவர் கையில் இருந்தன. மூத்தவனுக்கு ஒன்று, இளையவனுக்கு ஒன்று என்று ஒரு நொடியில் பிரிந்தது. பதினெட்டு வருடம் ஒவ்வொரு போருக்கும் படை அனுப்பிய பக்கத்து ராஜா, அடுத்த வருடமே என் எல்லையில் போர் அறிவித்தார்.

சேவ் கோப்பைத் திறந்து இரண்டு வருடம் பின்னால் போனேன். ராஜா இன்னும் ஆறு மாதம் கூடுதலாக இருந்தார், அப்புறம் அதேதான். இன்னொரு முறை இளைய மகனைத் துறவியாகச் சொல்லி அனுப்பினேன். நாடு பிரியவில்லை. ஆனால் கூட்டாளி கழன்றுகொண்டார், சிற்றரசர்கள் ராஜாவின் தம்பியை அரியணையில் ஏற்ற வேண்டும் என்று அணி சேர்ந்தார்கள். நான்காவது முறைதான் எனக்குப் புரிந்தது. வாரிசுச் சட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கஜானாப் பொன் மூத்தவனுக்கு வருகிறது. நிலம் பிரிந்தாவது வருகிறது. உறவு வருவதில்லை. இந்த விளையாட்டில் கூட்டணி என்பது ஒரு ஆளுக்கும் இன்னொரு ஆளுக்கும் நடுவில் கல்யாணம் வழியாக வருவது. ஆள் போனால் கூட்டணியும் போகும். புது ராஜாவுக்கென்று சொந்தமாக ஒரு சம்பந்தம் இருந்தால்தான் அவருக்குக் கூட்டாளி. அப்பாமேல் நூறு மதிப்பு வைத்திருந்த சிற்றரசர், மகனைப் புதுசாகத்தான் பார்க்கிறார். பட்டத்துக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்பதற்கே தனியாக மதிப்பைக் குறைத்துக்கொள்கிறார். மோடில் டிராகன் இருந்தாலும் மந்திரம் இருந்தாலும் அடியில் ஓடும் கணக்கு இதுதான்.

இது எனக்கு உறைத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அப்பா சாவை விளையாட்டோடு ஒப்பிடுகிறான் பார் என்று யாராவது கோபப்படலாம். நான் தேடிப் போய் ஒப்பிடவில்லை. அந்த வருடம் மே மாதம்தான் அப்பா போயிருந்தார், ராத்திரி தூக்கம் வராமல்தான் விளையாடவே ஆரம்பித்தேன்.

சீசன் நேரம். கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, ஊட்டியில் மலர்க் கண்காட்சி, மலை முழுக்கக் கார். திருப்பூரிலிருந்து அண்ணனும் காரமடையிலிருந்து அக்காவும் ஏறி வருவதற்குள் மூன்றரை மணி நேரம் ஆனது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வெறும் முப்பத்து மூன்று கிலோமீட்டர். வளைவில் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டுக் குரங்குக்குச் சிப்ஸ் போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்களாம். அக்கா காரில் அழுதுகொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறாள். 2024-இல் வெளியூர் வண்டிகள் மலைக்கு வர இ-பாஸ் வந்தபோது சுற்றுலாவை நம்பிப் பிழைப்பவர்கள் கவலைப்பட்டார்கள். அவர்கள் கவலை நியாயம்தான். ஆனால் இங்கேயே பிறந்து இங்கேயே சாகிறவர்களும் இருக்கிறோம், எங்களுக்கும் சாவு வீட்டுக்கு நேரத்துக்குப் போக ஒரு ரோடு வேண்டும். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்பா உயில் எழுதவில்லை. நிலம் அவர் சொந்தமாக வாங்கியது. நாங்கள் மூன்று பேர், அம்மா, ஆக நான்கு பங்கு என்றுதான் நினைத்திருந்தோம். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் பதிந்த பிறகு விசாரணைக்கு வந்தவர் கேட்ட முதல் கேள்வி, “இறந்தவரோட அம்மா இருக்காங்களா?” திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த பாட்டியை எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆண் ஒருவர் உயில் இல்லாமல் இறந்தால் மனைவி, மகன், மகள், தாய் எல்லாருமே முதல் வகுப்பு வாரிசுகள். ஐந்து பங்கு, ஆளுக்கு அரை ஏக்கர். அரை ஏக்கர் தேயிலையில் வரும் இலைக்கு, இலையை வாங்கிப்போகும் ஏஜென்ட் வண்டியை நிறுத்துவதே பெரிய விஷயம்.

சான்றிதழில் அக்காவின் பெயரைத் தப்பாக அடித்துக் கொடுத்தார்கள். அதைத் திருத்த நான்கு மாதம். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை, அங்கே வேலை செய்பவர்களில் எனக்கு உதவியவரும் ஒருவர் உண்டு. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போய், “சார் மீட்டிங்” என்று கேட்டுவிட்டுத் திரும்பினால்தான் அந்த வலி தெரியும்.

அதைவிடப் பெரிய அடி இலை ஏஜென்டிடமிருந்து வந்தது. அப்பா பதினைந்து வருடம் ஒரே ஆளுக்குத்தான் இலை போட்டார். மழை நாளில் இலை நனைந்திருந்தால் மூட்டைக்கு இரண்டு கிலோ ஈரக்கழிவு பிடிப்பார். காரியம் முடிந்து முதல் மூட்டையை நான் தராசுக் கொக்கியில் மாட்டினேன். முள் முப்பத்து நான்கில் நின்றது. ஏஜென்ட் முப்பது என்று எழுதினார். “அப்பாவுக்கு ரெண்டுதானேண்ணா பிடிப்பீங்க?” என்றேன். “அது அவருக்கு, தம்பி” என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டையைத் தூக்கினார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் அப்பாவுக்குக் கொடுத்தது அப்பாவுக்குத்தான். நான் அதுவரை அவரிடம் உட்கார்ந்து ஒரு டீ குடித்ததுகூட இல்லை. கணக்கு, முன்பணம், யாருக்கு எவ்வளவு பாக்கி, எல்லாம் அப்பா மனதில் இருந்தது. மிச்சம் ஒரு நீல அட்டை நோட்டில் பென்சிலில் இருந்தது, பாதி அழிந்துபோய்.

இலை பறிக்கிற அக்காமார்களும் அப்படித்தான். திங்கட்கிழமை முதல் ஆளாக எங்கள் காட்டுக்கு வருகிறவர்கள், வியாழன், வெள்ளி என்று தள்ளிப்போட்டார்கள். கொழுந்து முற்றிக்கொண்டே போனது. அப்போதுதான் பாட்டி ஒரு காலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தடியை ஊன்றி, காட்டு மேட்டில் வந்து உட்கார்ந்தாள். எண்பத்து நான்கு வயது. யாரையும் கூப்பிடவில்லை. ரோட்டில் போகிற ஒவ்வொருத்தியையும் பேர் சொல்லி, “உன் பொண்ணுக்குக் காய்ச்சல்னாங்களே, விட்டுதா?” என்று விசாரித்தாள். நான்கு நாள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் நாள் ஆறு பேர் கூடையோடு வந்தார்கள். அந்த நான்கு நாளும் நான் அவள் பக்கத்தில் நின்றேன். யார் வீட்டில் என்ன, யாருக்கு யார் சொந்தம் என்பதை அப்போதுதான் கற்றேன். இந்த விளையாட்டில் 2023-இல் பதிலாட்சி முறையைக் கொண்டுவந்தார்கள், சின்னப் பையன் பட்டத்துக்கு வந்தால் பெரியவர் ஒருவர் பார்த்துக்கொள்வார். அந்தப் பெரியவரே ஆட்சியைப் பிடுங்கிக்கொள்ளவும் அதில் வழி இருக்கிறது. எங்கள் பதிலாட்சிக்காரி எதையும் பிடுங்கவில்லை. தன் அரை ஏக்கரை அக்கா பேருக்கு எழுதிவைத்தாள்.

அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு வருடம் பேசவில்லை. நானும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அக்கா விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுத் தன் பங்கை எங்களுக்கு விட்டுவிடுவாள் என்று கேட்காமலே நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்குச் செய்தாயிற்றே என்ற நினைப்பு. பூர்வீகச் சொத்தில் பெண்களுக்கு உரிமை தமிழ்நாட்டில் 1989-இலும் நாடு முழுக்க 2005-இலும் வந்தது. அப்பா மாதிரி சொந்தமாக வாங்கியவர்களின் சொத்தில் 1956-இலேயே சம பங்கு. இருந்தும் எத்தனை வீட்டில் அக்காக்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு சும்மா இருக்கிறார்கள். பாட்டி செய்தது சரி. விளையாட்டில் ஆண் வாரிசுக்கு முன்னுரிமை என்பதை மாற்றிச் சம உரிமை வைப்பவர்களைப் பார்த்து “வரலாறு அப்படி இல்லை” என்று சண்டைக்கு வருபவர்களுக்கும் இதையே சொல்வேன்.

வரலாறு என்றால் நம் பக்கமே இருக்கிறது. ராஜராஜ சோழர் 1014-இல் இறந்தார், ஆனால் ராஜேந்திரனுக்கு 1012-இலேயே இளவரசுப் பட்டம் கட்டி ஆட்சியில் சேர்த்துக்கொண்டார். 1054-இல் கொப்பம் போரில் ராஜேந்திரனின் மகன் ராஜாதிராஜன் யானைமேலேயே உயிர் விட்டார். கூடவே களத்தில் நின்ற தம்பி இரண்டாம் ராஜேந்திரன் அங்கேயே முடிசூடிக்கொண்டு போரை ஜெயித்தார். மதுரையில் நடந்தது இதற்கு நேர்மாறு. குலசேகர பாண்டியர் ஒரு மகனுக்கு முன்னுரிமை கொடுக்க, இன்னொரு மகன் 1310-இல் அவரையே கொன்றதாகச் சொல்கிறார்கள். அண்ணன் தம்பி சண்டை ஓயுமுன் 1311-இல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூர் படையோடு வந்துவிட்டார்.

இனி உங்கள் ஆட்டத்துக்கு வருகிறேன். ராஜாவுக்கு ஐம்பது தாண்டியதும் புதுப் போர்களை நிறுத்துங்கள். மூத்த மகனுக்குப் பக்கத்திலேயே வலுவான வீட்டில் பெண் எடுங்கள், அவன் பட்டத்துக்கு வரும்போது அந்தக் கூட்டணி அவனுடையதாக இருக்கும். ஒரே மட்டத்தில் இரண்டு பெரிய பட்டங்களை வைத்துக்கொள்ளாதீர்கள். மேலே பேரரசுப் பட்டம் ஒன்று மட்டும் இருந்தால் தம்பிகள் ராஜாவானாலும் அண்ணனுக்குக் கீழேதான் இருப்பார்கள். ஆரம்பகாலத்துப் பங்கீட்டுச் சட்டமாக இருந்தால் கவனம், கையில் போதிய நிலம் இருந்தால் தம்பிக்கென்று புதுப் பட்டத்தையே உருவாக்கிக் கொடுத்துவிடும். பொன்னைச் சேர்த்து வையுங்கள். முடிசூடிய முதல் மாதம் அதில் பாதியைப் பெரிய சிற்றரசர்களுக்குப் பரிசாகக் கொடுங்கள், விருந்து வையுங்கள், அவர்களில் வலுவானவர்களைச் சபையில் உட்காரவையுங்கள். வம்சப் புகழைச் செலவழித்துத் தம்பிக்கு வாரிசுரிமையை ரத்து செய்யவும் வழி இருக்கிறது. நான் அதைச் செய்வதில்லை. இவ்வளவு தெரிந்துமா நான்கு முறை தோற்றாய் என்று நன்றாக விளையாடுபவர்கள் கேட்கலாம். தெரிந்துகொண்டதே அப்படித் தோற்றுத்தான்.

பேனர்லார்ட் என்ற இன்னொரு விளையாட்டை விளையாடினாலும் கிட்டத்தட்ட இதுதான். அங்கே ராஜா இறந்தால் குலங்கள் கூடி ஓட்டுப் போடும், உங்களைத் தெரியாத குலம் உங்களுக்கு ஏன் போடும்?

நான் இப்போது சேவுக்குத் திரும்பிப் போகவே முடியாத ஐயன்மேன் முறையில்தான் விளையாடுகிறேன். நிலம் பட்டாவில் ஐந்து பேர் பேரிலும் இருந்து நான்கு பேர் பேருக்கு வந்துவிட்டது, பறிப்பும் கவாத்தும் நான் பார்க்கிறேன், மாதம் பிறந்தால் கணக்கை எல்லாருக்கும் வாட்ஸப்பில் போடுகிறேன், அண்ணனுக்கும் சேர்த்து. ஏஜென்ட் போன ஐப்பசியில் மூட்டைக்கு மூன்று கிலோ பிடித்தார்.

உங்கள் இளவரசனுக்கு வயது என்ன, கல்யாணம் ஆகிவிட்டதா, ராஜாவிடம் எத்தனை ராஜ்யப் பட்டம் இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். பழைய சேவ் கோப்பைத் திறக்கத்தான் போகிறீர்கள் என்றால் ராஜா சாவதற்கு முந்தின நாளைத் திறக்காதீர்கள், பத்து வருடம் முன்னாலுள்ளதைத் திறங்கள்.