வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

போன வாரம் கரூரிலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்திருந்தது. அப்பா ஒரு துணி ஏற்றுமதி கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். பெண் பி.காம். முடித்திருக்கிறாள், நல்ல மதிப்பெண். அம்மா மடியில் ஒரு மஞ்சள் பையை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பைக்குள் வீட்டுப் பத்திரம் இருந்தது. என்னைப் பார்த்துவிட்டு நேராக வங்கிக்குப் போவதாகத் திட்டம்.

இங்கிலாந்தில் இருக்கும் சித்தப்பா ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறாராம்: "இங்கே அனுப்பி வைங்க அண்ணா. எம்.எஸ்சி. இன்டர்நேஷனல் பிசினஸ் மேனேஜ்மென்ட், ஒரே வருஷம். அதுக்கப்புறம் அவ வாழ்க்கையே மாறிடும்." ஒரு ஏஜெண்ட் மூலம் ஆஃபர் லெட்டரும் வந்துவிட்டது. பெரியப்பா வீட்டுப் பையன் ஏற்கெனவே கனடாவில் இருக்கிறான். போதாதா?

அம்மா கேட்டது ஒன்றுதான்: "தைரியமா அனுப்பலாமா சார்?"

முதல் ஐந்து நிமிடம் நானும் ஆறுதலாகத்தான் பேசினேன். நல்ல துறை, வளரும் துறை, பெண்ணும் நன்றாகப் படிக்கிறாள் என்றெல்லாம். அப்புறம் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தேன். போட்டு முடித்த பிறகு ஆறுதல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அங்கே அவசரத்தில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இதே பையோடு இன்னும் பல வீடுகளில் காத்திருப்பார்கள் என்று தெரியும்.

ஆஃபர் லெட்டரில் கல்விக் கட்டணம் 17,000 பவுண்டு. லண்டனுக்கு வெளியே படித்தால், வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 1,171 பவுண்டு வீதம் ஒன்பது மாதப் பணத்தை விசாவுக்குக் காட்ட வேண்டும். அது 10,539 பவுண்டு. காட்டுவது ஒன்பது மாதத்துக்கு. சாப்பிடுவதும் வாடகை கொடுப்பதும் பன்னிரண்டு மாதத்துக்கு. ஒரு பவுண்டை 115 ரூபாய் என்றே வைத்தாலும் இந்த இரண்டும் சேர்ந்து 31 லட்சத்தைத் தாண்டுகின்றன. விசா கட்டணம், ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம், விமான டிக்கெட் எல்லாம் தனி. 30 லட்சம் கடனைப் பத்தரை சதவீத வட்டியில் பத்து ஆண்டுகளில் அடைப்பதென்றால் மாதத் தவணை ஏறத்தாழ 40,500 ரூபாய். மொத்தமாகக் கட்டி முடிப்பது 48 லட்சத்துக்கும் மேல். படிக்கும் காலத்து வட்டியை நான் இதில் சேர்க்கவே இல்லை. அப்பாவின் சம்பளம் அந்த ஒரு தவணைக்கே போதாது.

"அங்கே வேலை கிடைத்ததும் அவளே கட்டிவிடுவாள்" என்றார் அப்பா. சரி, அதையும் பார்த்துவிடுவோம். படிப்பு முடிந்ததும் வேலை தேடத் தருகிற கிராஜுவேட் விசா இதுவரை இரண்டு ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். அதற்குள், விசாவுக்குப் பொறுப்பேற்கும் உரிமம் பெற்ற கம்பெனி ஒன்று அவளை வேலைக்கு எடுக்க வேண்டும். அந்த வேலை விசாவுக்குப் பொதுவான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளத்தை 2025 ஜூலையில் 41,700 பவுண்டாக உயர்த்திவிட்டார்கள். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குச் சலுகை உண்டு, அதுவே 33,400. அனுபவமே இல்லாத ஒரு பொது மேனேஜ்மென்ட் பட்டதாரிக்கு அவ்வளவு சம்பளமும் கொடுத்து விசா பொறுப்பையும் எந்தக் கம்பெனி ஏற்கும்? ஏற்கிற கம்பெனிகளும் உண்டு. ஆனால் அந்த நம்பிக்கையில் ஒரு வீட்டை அடகு வைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. சித்தப்பா போன காலத்தில் விதிகள் வேறாக இருந்தன. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தனக்கு நடந்ததைச் சொல்கிறார். ஏஜெண்ட் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை என்று பெருமையாகச் சொன்னீர்கள். மாணவரைச் சேர்த்துவிட்டால் அவருக்குப் பல்கலைக்கழகம் கமிஷன் கொடுக்கும். அதனால்தான் வாங்கவில்லை.

இவ்வளவு நேரமும் அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவும் அம்மாவும்தான் பேசினார்கள். "உனக்கு என்னம்மா பிடிக்கும்?" என்று கேட்டதற்கும் தலையைக் குனிந்துகொண்டாள். லீவில் என்ன செய்வாய் என்று பேச்சை மாற்றிக் கேட்டேன். அப்பாவின் கம்பெனியிலேயே டாக்குமென்டேஷன் செக்‌ஷனில் இரண்டு மாதம் உதவிக்குப் போனாளாம். அங்கே என்ன பார்த்தாய் என்றதும்தான் நிமிர்ந்தாள்.

"ஒரு எல்.சி. வந்துச்சு சார். அதுல சரக்கோட பேரு கிச்சன் டவல்னு இருந்துச்சு. நம்ம ஆளுங்க இன்வாய்ஸ்ல டீ டவல்னு அடிச்சுட்டாங்க. ரெண்டும் ஒரே துணிதான் சார். ஆனா பேங்க்ல டிஸ்கிரிபன்ஸினு திருப்பிட்டாங்க. கப்பல் கிளம்பி பதினாலு நாள் ஆயிடுச்சு. இன்னும் ஏழு நாள்தான் இருக்குன்னு நான்தான் எண்ணிச் சொன்னேன். அன்னிக்கே இன்வாய்ஸை மாத்தி அடிச்சுக் கொடுத்துட்டோம்."

எல்.சி. என்பது, ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாகச் சரக்கு வாங்குபவரின் வங்கி எழுதிக் கொடுக்கும் உறுதி. அதை ஆளும் விதித் தொகுப்பு யு.சி.பி. 600. இன்வாய்ஸில் சரக்கின் விவரம் எல்.சி.யில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும் என்று அது சொல்கிறது. ஏற்றுமதியான நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆவணங்களை வங்கியில் கொடுத்தாக வேண்டும் என்பதும் அதில் உண்டு. இந்தப் பெண்ணுக்கு அந்த 21 யாரும் சொல்லித்தராமல் மனதில் ஏறியிருக்கிறது. கண்டெய்னர் நிறையப் போன சரக்கின் பணம் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கும் என்பதை இருபத்தோரு வயதில் பார்த்துவிட்டாள். சர்வதேச வணிகம் என்பது இதுதான். இதில் அவளுக்கு நாட்டம் இருக்கிறது. பெற்றவர்கள் இருவருக்கும் அது தெரியவில்லை, அப்பா அதே கட்டடத்தில் வேலை செய்தும்.

ஆகவே நான் சொல்வது கஸ்டம்ஸ் புரோக்கர் தொழில். பழைய ஆட்கள் சி.எச்.ஏ., அதாவது கஸ்டம் ஹவுஸ் ஏஜெண்ட், என்பார்கள். சி.ஏ., வங்கித் தேர்வு, அரசுத் தேர்வு பற்றியெல்லாம் நான் பேசப் போவதில்லை, அதைச் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. இதைத்தான் யாரும் சொல்வதில்லை.

கரூரில் தைத்த கிச்சன் டவல் லாரியில் தூத்துக்குடி போகிறது. அங்கிருந்து பெரும்பாலும் கொழும்பு போய்ப் பெரிய கப்பல் மாறுகிறது. நடுவில் சுங்கத் துறையின் ஐஸ்கேட் இணையதளத்தில் ஷிப்பிங் பில், அதாவது என்ன சரக்கு போகிறது என்ற அறிவிப்பு, போட வேண்டும். சரக்குக்குச் சரியான எச்.எஸ். கோடு, அதாவது சரக்கின் வகையைச் சொல்லும் எண், கொடுக்க வேண்டும். படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, கிச்சன் டவல் எல்லாம் 6302. குஷன் கவர் என்றால் 6304. தவறான கோடு போட்டால் டிராபேக், அதாவது ஏற்றுமதிக்குத் திரும்பக் கிடைக்கும் வரித் தொகை, மாறும், விசாரணை வரும். கண்டெய்னரின் எடைச் சான்று வேண்டும். கப்பலின் கட்-ஆஃப் நேரத்துக்குள் சுங்க அதிகாரியிடம் லெட் எக்ஸ்போர்ட் ஆர்டர் என்ற ஏற்றுமதி அனுமதியை வாங்கியாக வேண்டும். இத்தனையையும் ஏற்றுமதியாளருக்காகச் செய்து கொடுப்பவர்தான் கஸ்டம்ஸ் புரோக்கர். கம்பெனிகள் பெரும்பாலும் இவரை நம்பித்தான் நடக்கின்றன.

இந்தத் தொழிலில் ஏறுவதற்குப் படிகள் உண்டு. 2018-ஆம் ஆண்டின் கஸ்டம்ஸ் புரோக்கர் உரிம விதிகள்தான் இப்போதைய விதிகள். உரிமம் பெற்ற ஒரு புரோக்கரிடம் வேலைக்குச் சேர பிளஸ் டூ போதும். முதலில் எச் கார்டு கிடைக்கும், உதவியாளர் மாதிரி. அப்புறம் சுங்கத் துறை அதிகாரிகள் நடத்தும் தேர்வில் தேறினால் ஜி கார்டு. ஜி கார்டு இருந்தால்தான் புரோக்கர் சார்பில் சுங்க ஆவணங்களில் கையெழுத்துப் போட அதிகாரம் தருவார்கள். பட்டப்படிப்பும் ஜி கார்டோடு இரண்டு ஆண்டு அனுபவமும் இருந்தால் அவளே சொந்தமாக உரிமத் தேர்வு எழுதலாம். ஜி கார்டு அனுபவம் இல்லாமல், எம்.பி.ஏ., சி.ஏ., சட்டம் போன்ற பட்டங்களை வைத்தும் எழுதலாம். நாசின் எனப்படும், சுங்கத் துறையின் மத்திய அகாடமி நடத்தும் தேர்வு அது. எழுத்துத் தேர்வில் 60 சதவீதம் எடுக்க வேண்டும், பிறகு நேர்முகம். தேறியவர்களுக்குத்தான் எஃப் கார்டு. 5 லட்சம் ரூபாய்க்குச் சொத்து இருப்பதைக் காட்ட வேண்டும், பிணைத் தொகை கட்ட வேண்டும். 2021-இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு உரிமத்தை மறுபடி மறுபடி புதுப்பிக்கத் தேவையில்லை, வாழ்நாள் முழுவதும் செல்லும்.

படிக்க வேண்டிய அடிப்படைப் புத்தகங்களுக்கும் செலவு இல்லை. 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டம், 1992-ஆம் ஆண்டு வெளிநாட்டு வணிகச் சட்டம், 2023-இல் வந்த வெளிநாட்டு வணிகக் கொள்கை எல்லாமே அரசுத் தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. தினம் பத்துப் பக்கம் போதும். முதலில் தலை சுற்றும். கையில் ஒரு நிஜ ஷிப்பிங் பில்லை வைத்துக்கொண்டு படித்தால் சுற்றாது.

இதன் கஷ்டத்தையும் மறைக்க மாட்டேன். ஆரம்பச் சம்பளம் குறைவு. சென்னையில் ஐ.டி. வேலைக்குப் போகும் தோழியைவிடக் குறைவாகத்தான் வரும். கட்-ஆஃப் நாளில் ராத்திரி பதினொரு மணிக்கும் போன் அடிக்கும். வெளிவேலையில் பெண்கள் குறைவு, யார்டுக்கும் சுங்க அலுவலகத்துக்கும் அலையும்போது அது தெரியும். ஆனாலும் ஆவண வேலையின் பெரும்பகுதி இப்போது கணினியில் நடக்கிறது. ஒரு கம்பெனியில் சேரும் முன் மூன்று விஷயம் கேளுங்கள்: உரிமம் நடப்பில் இருக்கிறதா, அவள் பெயரில் கார்டு எடுப்பீர்களா, ஜி கார்டு தேர்வுக்கு அனுப்புவீர்களா. கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். மூன்று வருடம் டேட்டா என்ட்ரி மட்டும் செய்ய வைத்து அனுப்பிவிடும் இடங்கள் இருக்கின்றன.

இதற்கெல்லாம் எதிர்காலம் உண்டா என்று அப்பா கேட்டார். அண்ணா, 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டபோது உங்கள் கம்பெனியில் என்ன நடந்தது? எந்த ஆர்டரை நிறுத்துவது, எதை வேறு நாட்டுக்குத் திருப்புவது, வரியை யார் ஏற்பது என்று முதலாளி யாரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்? அதற்கு ஒரு மாதம் முன்னால், ஜூலை 24-ஆம் தேதி, பிரிட்டனோடு வணிக ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த ஒப்பந்தத்தில் நம் துணிகளுக்கு அங்கே வரி கிடையாது. ஆனால் சரக்கு இங்கே உருவானது என்று விதிப்படி நிரூபித்தால்தான் அந்தச் சலுகை. லட்சக்கணக்கில் கொடுத்துப் படிக்கப் போகும் வகுப்பில் இது ஒரு ஸ்லைடாக வந்து போகும். கரூரில் இது ஒருவருடைய முழுநேர வேலை.

மேல்படிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு ஆண்டு வேலை பார்த்த பிறகு படித்தால் பாடம் வேறு மாதிரி புரியும். புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்தில் இன்டர்நேஷனல் பிசினஸுக்கென்றே தனித் துறை இருக்கிறது. 1963-இல் தொடங்கிய ஐ.ஐ.எஃப்.டி. என்ற இந்திய வெளிநாட்டு வணிகக் கல்வி நிறுவனம் இருக்கிறது, கட்டணம் அதிகம், எம்.பி.ஏ. சேர்க்கைக்கான கேட் (CAT) தேர்வு எழுத வேண்டும். இங்கிலாந்துதான் வேண்டுமென்றால் செவ்னிங் உதவித்தொகை இருக்கிறது. பிரிட்டிஷ் அரசே கட்டணம், தங்கும் செலவு, டிக்கெட் எல்லாம் கொடுத்து ஒரு வருட முதுகலை படிக்க வைக்கும். முடித்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி வந்து இரண்டு ஆண்டாவது இருக்க வேண்டும். போட்டி கடுமைதான். அதற்கு விண்ணப்பிக்கவே இரண்டு ஆண்டு, அதாவது 2,800 மணி நேர வேலை அனுபவம் தேவை. இன்றைக்கு இவளால் விண்ணப்பிக்கவே முடியாது. தூத்துக்குடியில் ஒரு புரோக்கரிடம் இரண்டு ஆண்டு வேலை பார்த்தால் முடியும். அதே இங்கிலாந்து, அதே படிப்பு, அடகு இல்லாமல்.

அம்மா நீங்கள் கடைசியாகக் கேட்டீர்கள்: "பொம்பளப் புள்ளைய தூத்துக்குடியில தனியா எப்படி சார் விடறது?" பிரிட்டனுக்குத் தனியாக அனுப்பத் தயாராகத்தானே வந்தீர்கள் அம்மா? தூத்துக்குடியில் ஒரு நல்ல ஹாஸ்டல் பாருங்கள், முதல் வாரம் நீங்களும் கூடப் போய்த் தங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினால் வீட்டுக்கு வந்துவிடுவாள். அதுவும் மனம் ஒப்பவில்லையா, முதல் ஆறு மாதம் கரூரிலேயே, அப்பா வேலை செய்யாத வேறொரு கம்பெனியின் டாக்குமென்டேஷன் செக்‌ஷனில் சேரட்டும். அப்பா இருக்கும் இடத்தில் அவள் என்றைக்கும் சூப்பர்வைசர் மகளாகத்தான் இருப்பாள்.

ஆஃபர் லெட்டருக்கு டெபாசிட் கட்டக் கடைசி நாள் இந்த மாதம் இருபதாம் தேதி என்றீர்கள். கட்டாதீர்கள். கட்டிவிட்டால் அது திரும்பி வருவது கஷ்டம், அந்தப் பணம் போய்விடுமே என்ற பயத்திலேயே மீதி முப்பது லட்சத்தையும் கட்டிவிடுவீர்கள். சித்தப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினால் என் எண்ணைக் கொடுங்கள், நானே பேசுகிறேன். அதற்கு முன்னால் இன்றிரவு சாப்பிடும்போது அந்த டீ டவல் கதையை அவளை முழுதாகச் சொல்லச் சொல்லுங்கள். நடுவில் யாரும் பேசாமல் கேளுங்கள்.